கதிர்ச்சிகிச்சை முடிந்த கழுத்து

(நூற்றாண்டு விழாச் சுகாதாரக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



இந்தப் பள்ளியில் படித்து வைத்தியம், தாதியியல், ஆய்வுகூடம் என்று போன நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து எழுதிய உரை இது. ஒருத்தி வாசிக்கிறாள், பிழை இருந்தால் எல்லாருக்கும் பங்கு. புற்றுநோய் விழிப்புணர்வு பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டார். அப்படியான பேச்சுகள் நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். நாங்கள் அதற்கு அடுத்த அத்தியாயத்தைப் பேச வந்திருக்கிறோம். வாயிலோ தொண்டையிலோ வந்த புற்றுநோய் மாறி, பத்துப் பதினைந்து வருடம் சுகமாக இருந்த ஒருவருக்குக் கழுத்து நாடி ஒடுங்குவதைப் பற்றி.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அம்மா நெடுநாள் வெற்றிலை போட்டவர். நாக்கின் ஓரத்தில் மாறாத புண். 2004ஆம் ஆண்டு, ஏ9 பாதை திறந்திருந்த காலம். மகரகமைக்குக் கொண்டுபோய்ச் சத்திரசிகிச்சையும், பிறகு ஆறு கிழமைக்கு மேல் கதிர்ச்சிகிச்சையும் செய்தார்கள். அம்மாவின் பேச்சில் அது "கரண்ட் பிடிச்சது". வாய் வறண்டது, கழுத்துத் தோல் இறுகிப் பலகைபோல் ஆனது. ஆனால் நோய் திரும்பவில்லை. ஐந்து வருடம் கழிந்ததும் கிளினிக் கொப்பி அலுமாரியின் அடித்தட்டுக்குப் போய்விட்டது.

2018இல் ஒரு காலை, முற்றம் கூட்டிக்கொண்டிருக்கும்போது இடது கண்ணில் திரை இறக்கினதுபோல இருண்டது. இரண்டு மூன்று நிமிடத்தில் தெளிந்தது. விரத நாள், வெறுவயிறு, அதுதான் என்று யாருக்கும் சொல்லவில்லை. நாலாம் நாள் தேத்தண்ணிக் கோப்பை வலது கையிலிருந்து நழுவியது. பேச வாயெடுத்தால் சொல் வரவில்லை.

இடது கண், வலது கை, பேச்சு. விஞ்ஞானப் பாடத்தில் மூளையின் இடது பக்கம் உடலின் வலது பக்கத்தை ஆளுகிறது என்று படித்தது நினைவிருக்கும். இடது கழுத்து நாடிதான் இடது கண்ணுக்கும் மூளையின் இடது பாதியின் பெரும்பகுதிக்கும் இரத்தம் கொடுக்கிறது. பெரும்பாலானோருக்குப் பேச்சும் அந்தப் பக்கத்தில்தான். மூன்றையும் சேர்த்தால் குற்றவாளி எங்கே என்று ஸ்கானுக்கு முன்னமே ஊகிக்கலாம். டொப்ளர் ஸ்கான் அதை உறுதிசெய்தது. கடுமையான ஒடுக்கம்.

கதிர் புற்றுக் கலங்களை மட்டும் தேர்ந்து சுடுவதில்லை. கழுத்து நெறிக்கட்டிகளுக்குப் போகிற கதிர், பக்கத்தில் ஓடும் நாடியையும் தொட்டுத்தான் போகும். வழமையாக 60 முதல் 70 கிரே வரை, ஆறேழு கிழமைக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். நாடியின் உட்சுவர்க் கலங்கள் காயப்படுகின்றன. நாடிச் சுவருக்கே இரத்தம் கொடுக்கும் நுண்குழாய்கள் அடைபடுகின்றன. சுவர் தடித்து இறுகி, அதன்மேல் கொழுப்பும் படிகிறது. இதற்கு வருடங்கள் எடுக்கும். வயதாலும் கொலஸ்ட்ரோலாலும் வருகிற சாதாரண அடைப்பு பெரும்பாலும் நாடி இரண்டாகக் கிளைக்கும் இடத்தில் இருக்கும். கதிரால் வருவதோ கதிர் பட்ட நீளத்துக்கு நீண்டு, கீழே பொது நாடியிலும் இருக்கலாம்.

சிகிச்சையில் முதலிடம் எளிய மருந்துகளுக்குத்தான்: அஸ்பிரின், ஸ்ராற்றின், பிரஷர், சீனி வியாதிக் கட்டுப்பாடு, புகையிலையை விடுதல். (புகையிலையைப் பற்றி யாழ்ப்பாணத்தில் நின்று பேசக் கூச்சம்தான். எங்களில் சிலருடைய பள்ளிச் சப்பாத்தே தோட்டத்துப் புகையிலைக் காசில் வந்தது.) அறிகுறி எதுவும் இல்லாமல் ஸ்கானில் மட்டும் ஒடுக்கம் தெரிந்தால், உடனே கத்தியைத் தேடி ஓடத் தேவையில்லை.

அறிகுறி வந்துவிட்டால் கதை வேறு. நாடியைத் திறந்து படிவை வழித்தெடுக்கும் சத்திரசிகிச்சை 1950களில் தொடங்கியது. 1991இல் வெளியான வட அமெரிக்க ஆய்வில், அறிகுறியோடு 70 வீதத்துக்கு மேல் ஒடுங்கியவர்களில் மருந்து மட்டும் எடுத்தோருக்கு இரண்டு வருடத்தில் 26 வீதம், சத்திரசிகிச்சை செய்தோருக்கு 9 வீதம் அதே பக்கத்துப் பக்கவாதம் வந்தது. இயலுமானால் இரண்டு கிழமைக்குள் செய்வது நல்லது. ஆனால் அது கதிர்ச்சிகிச்சை பெற்றவர்களுக்கென்று செய்த ஆய்வல்ல. கதிர் பட்ட கழுத்தில் இழையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கும், நரம்புகள் காயப்படலாம், காயம் ஆறச் சுணங்கும். அதனால் பலருக்குத் தொடை நாடிவழி கம்பி செலுத்தி, ஒடுங்கிய இடத்தில் வலைக்குழாய் வைக்கிறார்கள். ஸ்ரென்ற் என்பது அதுதான். அதற்கும் குறை உண்டு: காலப்போக்கில் உள்ளே மறுபடி ஒடுங்கலாம். எனவே ஸ்கானுக்குத் திரும்பத் திரும்பப் போகவேண்டும். எது யாருக்கு என்பதை இரத்தக்குழாய்ச் சத்திரசிகிச்சை நிபுணரும் கதிரியக்க நிபுணரும் சேர்ந்து முடிவுசெய்வதே முறை.

2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை ஆட்கள் நடந்து காசு சேர்த்த கதை உங்களுக்குத் தெரியும். அந்தப் பணத்தில் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை 2013இல் திறந்தது. அதற்கு முன் எங்கள் சனத்தில் பலர் மகரகமைக்குப் போனார்கள். இடப்பெயர்விலே துண்டுகள் தொலைந்தவர்கள் எத்தனை பேர்! இன்று அவர்களைப் பார்க்கும் வைத்தியருக்குக் கழுத்தில் கதிர் பட்ட கதையே தெரியாது. கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற தங்கைமாருக்கும் இதே வார்த்தை: அம்மாவை அங்கே கூப்பிட்டால், இங்கே எந்த வருடம், எந்தப் பக்கம் கதிர் கொடுத்தது என்று குடும்ப வைத்தியரிடம் எழுதிக் கொடுங்கள். அவருடைய கொம்பியூட்டரில் அது இராது. தைரொயிட் சுரப்பியும் மந்தமாகலாம், அந்த இரத்தப் பரிசோதனையையும் கேளுங்கள்.

முகம் கோணுதல், கை வலுவிழத்தல், பேச்சுக் குழறல், ஒரு கண் இருளுதல், இவற்றில் ஒன்று வந்தால், நிமிடத்தில் மாறினாலும், 1990 அம்புலன்ஸை அழையுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசி தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள்தான். அறிகுறி வந்த நேரத்தைக் குறித்துவையுங்கள்.

தோழியின் அம்மாவுக்குக் கொழும்பில் ஸ்ரென்ற் வைத்தார்கள். பேச்சு மெல்லத் திரும்பியது. வலது கைப் பெருவிரல் இன்னும் முழுதாக மடியவில்லை. வெற்றிலைத் தட்டத்தை மகள் ஒளித்துவிட்டாள் என்று இப்போதும் முறைப்பாடு. கிளினிக் கொப்பி மட்டும் சாமியறையில், திருநீற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.