இனாம் கைப்பேசியும் இருபத்துநான்கு மாதக் கையொப்பமும்

(ஜொகூர், குளுவாங் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்களும் கிராணிமார்களும் கூடிய கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



சம்பளம் போதவில்லை என்று பேசுவதற்கு நம் கூட்டங்களில் ஆள் குறைவில்லை. வந்த சம்பளம் எந்தெந்த ஓட்டை வழியாக ஒழுகிப் போகிறது என்று பார்ப்பவர்கள்தாம் குறைவு. இன்று அப்படிப்பட்ட ஓர் ஓட்டையைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன். அது உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கிறது. கைப்பேசிதான் அது.

கைப்பேசி வேண்டாம் என்று சொல்ல நான் இங்கு வரவில்லை. ஒரு காலத்தில் தோட்டத்தில் தொலைபேசி என்றால் ஆபீசில் ஒன்று, துரை பங்களாவில் ஒன்று. லயத்தில் ஒரு சாவு விழுந்தாலும் கிராணியின் தயவு இருந்தால்தான் வெளியூருக்குச் செய்தி போகும். 1985இல் நம் நாட்டுக்கு ‘ஏட்டூர் 450’ என்னும் முதல் கம்பியில்லாக் கைத்தொலைபேசிச் சேவை வந்தபோது அது பணக்காரர் காரில் ஏறி உட்கார்ந்ததே தவிர, நம் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. இன்றோ சம்பளம் பேங்கில் விழுந்ததா என்று பார்ப்பதும், அரசாங்க உதவித் தொகைக்கு மனுச் செய்வதும் அந்தச் சிறிய பெட்டிக்குள்தான். 2020இல் பெருந்தொற்று வந்து பள்ளிக்கூடம் மூடியபோது கைப்பேசி இல்லாத வீட்டுப் பிள்ளை பாடம் இல்லாமல் உட்கார்ந்திருந்ததை நீங்களே கண்டீர்கள். ஆகவே அது ஆடம்பரமன்று. அரிசி பருப்புக்கு அடுத்த செலவு. அடுத்த செலவு என்பதனால்தான் அரிசி வாங்கும்போது பார்க்கும் கணக்கை இதிலும் பார்க்க வேண்டும் என்கிறேன்.

பட்டணத்துக்குப் போகிறீர்கள். கடை வாசலில் ‘பெர்சுமா’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது. இனாமாம்! அல்லது 1,200 வெள்ளிக் கைப்பேசி 300 வெள்ளி என்று போட்டிருக்கிறது. அதற்குக் கீழே, மரம் சீவும் கண்ணுக்குத் தெரியாத பொடி எழுத்தில், 24 மாத ஒப்பந்தம் என்றும் மாதச் சந்தா இவ்வளவு என்றும் இருக்கும். சில இடங்களில் 36 மாதம். இது ஒரு வழி. இன்னொரு வழி, கைப்பேசியை முழு விலை கொடுத்து வாங்கிக்கொண்டு, சிம் அட்டையை மட்டும் தனியாக வாங்கி, வேண்டும்போது முன்பணம் போட்டுப் பேசுவது. எது இலாபம்?

வாயால் சொன்னால் விவாதம்தான் வளரும். கணக்குப் போடுவோம். இந்தத் தொகைகளை விளக்கத்துக்காக நானே வைத்துக்கொள்கிறேன். கடைக்குக் கடை இவை மாறும், கணக்குப் போடும் முறை மாறாது.

ஒப்பந்த வழியில் கைப்பேசிக்கு முதலில் 300 வெள்ளி. மாதச் சந்தா 98 வெள்ளி என்று வையுங்கள். 24 மாதத்துக்கு 2,352 வெள்ளி. சந்தாவின் மீது 6 விழுக்காடு சேவை வரி உண்டு; அது மாதம் 5 வெள்ளி 88 காசு, இரண்டு ஆண்டுக்கு 141 வெள்ளி 12 காசு. ஆகக் கூடுதல் 2,793 வெள்ளி 12 காசு. மற்ற வழியில் கைப்பேசி 1,200. மாதம் 35 வெள்ளி முன்பணம் போட்டால் போதும் என்றிருப்பவருக்கு 24 மாதத்துக்கு 840. ஆக 2,040 வெள்ளி. வித்தியாசம் 753 வெள்ளி 12 காசு.

இதை வெள்ளியாகப் பார்க்காதீர்கள், நாளாகப் பாருங்கள். 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. வாரம் ஆறு நாள் வேலைக்கு அது நாளொன்றுக்கு 65 வெள்ளி 38 காசு. அந்தக் கணக்கில் 753 வெள்ளி என்பது பதினொன்றரை நாள் வேலை. விடியுமுன் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, அட்டைக் கடியிலும் கொசுக் கடியிலும் பதினொன்றரை நாள் மரம் சீவியது இனாம் கைப்பேசிக்குப் போகிறது.

கிராணி நண்பர் ஒருவர் முன்வரிசையில் தலையை ஆட்டுகிறார். “ஐயா, எனக்கு 35 வெள்ளி போதாது, ஆபீஸ் வேலை, பிள்ளைகளின் படிப்பு, எல்லாம் இணையத்தில்தான்” என்று அவர் கேட்டால் அதிலும் நியாயம் உண்டு. அவருடைய கணக்கையும் போடுவோம். அதே அளவு பேச்சும் இணையமும், கைப்பேசி இல்லாமல், ஒப்பந்தமும் இல்லாமல், மாதம் 60 வெள்ளிக்குக் கிடைக்கிறது என்று வையுங்கள். வரியோடு 63 வெள்ளி 60 காசு. 24 மாதத்துக்கு 1,526 வெள்ளி 40 காசு. கைப்பேசி விலை 1,200ஐக் கூட்டினால் 2,726 வெள்ளி 40 காசு. ஒப்பந்த வழிக்கும் இதற்கும் வித்தியாசம் வெறும் 66 வெள்ளி 72 காசுதான்! இரண்டு ஆண்டுத் தவணைக்கு அது பெரிய வட்டியன்று. 1,200 வெள்ளியை ஒரே மூச்சில் எடுத்து வைக்க முடியாமல் வட்டிக்காரனிடம் போய் நிற்பதைவிட, அவருக்கு ஒப்பந்தமே மேல் என்று நான் ஒளிக்காமல் சொல்லுவேன்.

இப்போது கவனியுங்கள். 753 வெள்ளி நட்டத்தில் கைப்பேசிக்காகக் கூடுதலாகப் போனது 66 வெள்ளி சொச்சம்தான். மீதி 686 வெள்ளி எங்கே போனது? தேவைக்கு மேற்பட்ட சந்தாவுக்குப் போனது. மாதம் 35 வெள்ளிக்குப் பேசுகிறவன் 60 வெள்ளிப் பேச்சை வாங்கி வைத்துக்கொண்டு, பாதியைத் தொடாமலே மாதக் கடைசியில் விட்டுவிடுகிறான். சூது கைப்பேசியின் விலையில் இல்லை. நல்ல கைப்பேசி வேண்டுமென்றால் பெரிய சந்தாவில்தான் சேர வேண்டும் என்னும் ஏற்பாட்டில் இருக்கிறது. ஆகவே கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “கைப்பேசி இல்லாமல் இதே சந்தா எவ்வளவு?” என்பது. 98இலிருந்து அந்தத் தொகையைக் கழியுங்கள். மிச்சம் வருவது கைப்பேசித் தவணை. அதை மாதங்களால் பெருக்கி, முன்பணத்தைக் கூட்டினால், இனாம் என்றதன் உண்மை விலை வெளியே வந்துவிடும்.

முன்பணம் போடும் வழியிலும் பள்ளம் உண்டு. இன்றைக்கு 3 வெள்ளி, நாளைக்கு 3 வெள்ளி என்று ஒருநாள் இணையமாக வாங்கிக்கொண்டே போனால் மாதம் 90 வெள்ளி ஆகிவிடும். சில்லறையாகப் போவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. நம் இளைஞர்களில் பலர் இப்படித்தான் செய்கிறார்கள். மாதத்துக்கு மொத்தமாக எடுத்தால்தான் அது மலிவு. காலாவதித் தேதியைக் கவனிக்காமல் விட்டால் எண்ணே போய்விடும்.

ஆனால் பால்வெட்டுத் தொழிலாளியின் வருமானம் எப்படிப்பட்டது என்பதை எந்தக் கடைக்காரரும் கணக்கில் எடுப்பதில்லை. நமக்கு எல்லா மாதமும் ஒரே மாதமா? ஆண்டுக் கடைசியில் வடகிழக்குப் பருவமழை ஜொகூரில் கொட்டும்போது மரம் நனைந்து கிடக்கும். பெரட்டுக் களத்தோடு திரும்பும் நாள்கள் எத்தனை! மழை விட்டால் இலை உதிரும் காலம். மங்கில் பால் அரைக்கால்தான். மேல்வேலைப் பணமும் கூடுதல் பால் பணமும் அந்த மாதங்களில் கண்ணில் படாது. சந்தாச் சீட்டுக்கோ மழையும் தெரியாது, இலையுதிர்வும் தெரியாது. 98 வெள்ளியும் வரியும் தேதி தவறாமல் வந்து நிற்கும். முன்பணக்காரன் கெட்ட மாதத்தில் 10 வெள்ளியோடு நிறுத்திக்கொள்ளலாம், ஒப்பந்தக்காரனால் முடியாது. கூடிக் குறையும் வருமானத்தில் கூடாமல் குறையாமல் நிற்கும் கடனை மாட்டக் கூடாது. மாதச் சம்பளக்காரராகிய கிராணிக்குப் பொருந்துவது பால்வெட்டுக்காரருக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்.

இது நம் தோட்டத்துக்கு மட்டும் வந்த புதுமையன்று. தமிழ்நாடு உட்பட இந்தியாவெங்கும் 2003 ஜூலையில் ரிலையன்ஸ் கம்பெனி ‘மான்சூன் ஹங்காமா’ என்று ஒரு திட்டம் கொண்டு வந்தது. 501 ரூபாய் கொடுத்தால் கையில் கைப்பேசி! மக்கள் மொய்த்தார்கள். அந்தக் கைப்பேசியோ அந்தக் கம்பெனியின் சேவையில் மட்டும்தான் பேசும். மாதக் கட்டணச் சீட்டு வரத் தொடங்கியதும் பலரால் கட்ட முடியவில்லை; வாராக் கடனாகக் கம்பெனியே பெருந்தொகையைத் தள்ளுபடி செய்ய நேர்ந்தது. அமெரிக்காவில் 2008இல் ஐபோன் 3ஜி 199 டாலர் என்று விற்றது, இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தோடு. 2013 மார்ச்சில் டி-மொபைல் கம்பெனிதான் அங்கே கைப்பேசி விலையை ஒரு வரியிலும் சந்தாவை இன்னொரு வரியிலும் பிரித்துக் காட்டியது. கைப்பேசிக் கடன் தீர்ந்ததும் மாதக் கட்டணம் தானாக இறங்கும் என்றது. பிரித்துக் காட்டிய பிறகுதான் இத்தனை நாளாகக் கட்டியது எதற்கு என்று பலருக்கு விளங்கிற்று.

நம் நாட்டிலும் இரண்டு வகையும் உண்டு. தவணை தனி வரியில் இருக்கும் சீட்டு என்றால் 24ஆம் மாதத்தோடு அது நின்றுவிடும். எல்லாம் சந்தாவுக்குள் ஒளிந்திருக்கும் சீட்டு என்றால், 25ஆம் மாதமும் அதே 98 வரலாம். கைப்பேசிக் கடன் தீர்ந்துவிட்டது. ஆனாலும் நாம் போய்க் கேட்கும்வரை பழைய சந்தாவே நடக்கும். நம் கணக்கில் அது மாதம் 40 வெள்ளி 28 காசு வீண். ஆறு மாதம் மறந்திருந்தால் 241 வெள்ளி 68 காசு.

கையெழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நம் பாட்டன் பூட்டன் காலத்தில் சஞ்சிக்கூலி என்று ஒரு பேர் இருந்தது. ‘சஞ்சி’ என்பது ‘ஜஞ்சி’ என்ற மலாய்ச் சொல். ஒப்பந்தம் என்று பொருள். தாளில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் பெருவிரல் ரேகை வைத்துவிட்டுக் கப்பலேறியவர்கள் அவர்கள். 1910இல் அந்த முறை ஒழிந்தது. அந்தத் துயரத்தையும் இந்தக் கைப்பேசித் தாளையும் ஒரு தராசில் வைக்க மாட்டேன், அது முன்னோரை அவமதிப்பதாகும். ஆயினும், படிக்காமல் கைநாட்டு வைக்கும் பழக்கம் மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை. இப்போது தாள்கூட இல்லை. கண்ணாடிப் பலகையில் விரலால் கிறுக்கச் சொல்கிறார்கள்.

மகனுக்காகத் தகப்பன் கையெழுத்துப் போடுகிறார். கூட்டாளிக்காகக் கூட்டாளி அடையாள அட்டையை நீட்டுகிறார். மகன் ஜொகூர் பாருவிலோ சிங்கப்பூரிலோ வேலைக்குப் போய்க் கட்டாமல் விட்டால் கடன் தகப்பன் பேரில்தான். நிலுவை கடன் பதிவேட்டில் ஏறினால், நாளைக்கு அவர் மோட்டார் சைக்கிளுக்கோ வீட்டுக்கோ கடன் கேட்கும் இடத்தில் அது வந்து குறுக்கே நிற்கும்.

இன்னொன்று, சிக்னல். பட்டணத்துக் கடையில் ஐந்து கோடும் நிற்கும்; தோட்டத்துப் பள்ளத்தில், லயத்துத் தகரக் கூரைக்குக் கீழே, ஒரு கோடு நிற்குமா? முதலில் அந்தக் கம்பெனியின் மலிவான முன்பணச் சிம் ஒன்றை வாங்கி, பழைய கைப்பேசியில் போட்டு, வீட்டுக்குள்ளும் நிரையிலும் ஒரு வாரம் பேசிப் பாருங்கள். எண்ணை மாற்றாமலே கம்பெனி மாறும் வசதி 2008 முதல் நம் நாட்டில் உண்டு. ஒப்பந்தத்தில் மாட்டியவருக்கோ மிச்ச மாதங்களின் தண்டத்தைக் கட்டினால்தான் விடுதலை. ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நடும் தோட்டங்கள் பெருகிய மாநிலம் இது. 24 மாதம் கழித்து எந்தத் தோட்டத்தில் இருப்போம் என்று நம்மில் எத்தனை பேருக்கு உறுதி?

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்கள் பயப்பட வேண்டாம். ஒப்பந்தம் முடியும் தேதி எது, இடையில் நிறுத்தினால் தண்டம் எவ்வளவு என்று கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். சொல்லாத கட்டணம் வந்தால் முதலில் கம்பெனியிடம் புகார் செய்து, புகார் எண்ணை வாங்கி வையுங்கள். அங்கே தீராவிட்டால், 2001இல் அமைந்த தொடர்பு, பல்லூடகப் பயனீட்டாளர் மன்றம் இருக்கிறது. அதற்கு மேல் தொடர்பு, பல்லூடக ஆணையம் இருக்கிறது. மனு எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்க முன்வரிசைக் கிராணி நண்பர்கள் இருவர் இப்போதே சம்மதித்திருக்கிறார்கள். சீட்டை மட்டும் கிழித்துப் போடாமல் கொண்டு வாருங்கள். முடியும் தேதி தெரிந்தவர்கள், அதை வீட்டு நாட்காட்டியில் இன்றிரவே சிவப்பு மையில் வட்டமிட்டு வையுங்கள்.