தண்ணீரில் நனையாத இறகு



பாரிட் என்றால் மலாய் மொழியில் வாய்க்கால். பாரிட் புந்தாரின் பெயரிலேயே தண்ணீர் இருக்கிறது. 1906-ஆம் ஆண்டு கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் முடிந்து, புக்கிட் மேரா நீர்த்தேக்கத்துத் தண்ணீர் இந்த மாவட்டத்து வயல்களுக்குப் பாயத் தொடங்கியது. வயலும் வாய்க்காலும் உள்ள இடத்தில் வாத்து வளர்ப்பது இயல்புதானே? கித்தாத் தோட்டத்து வீடுகளிலும் கோழிக்கூண்டின் பக்கத்தில் நாலைந்து வாத்துகள் இருந்தன. தோட்டத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிவந்த பிறகும், பிள்ளைகளின் ஆசைக்காக இரண்டு வாத்து வளர்ப்பவர்கள் உண்டு. அவர்களுக்காகத்தான் இன்றைய பேச்சு.

என் சிறு வயதில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் ஒரு கோழியை ஏழு வாத்து முட்டைகளின் மேல் அடைவைத்தார்கள். கோழி முட்டை பொரிக்க 21 நாள் போதும். வாத்து முட்டைக்கு 28 நாள். அந்தக் கோழி பொறுமையாகப் படுத்திருந்து ஏழையும் பொரித்தது. நான்காம் நாள் மாலை நல்ல மழை. குஞ்சுகள் ஏழும் வீட்டுக்குப் பின்னால் ஓடிய கால்வாயில் இறங்கிவிட்டன. கோழி கரையில் நின்று கத்தியது. பிள்ளைகளாகிய நாங்கள் கைதட்டிச் சிரித்தோம். விளக்கு வைக்கும் நேரத்தில் நான்கு குஞ்சுகள் விறைத்துக் கிடந்தன. கண்பட்டுவிட்டது என்றார் பாட்டி. தண்ணீரில் வாழப் பிறந்த குஞ்சு தண்ணீராலேயே சாகுமா என்று அன்று எங்களில் யாரும் கேட்கவில்லை. சாகும் நேயர்களே. அதன் காரணத்தைத் தெரிந்துகொண்டால் உங்கள் வீட்டுக் குஞ்சுகளைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

ஒரு வாத்து இறகைக் கையில் எடுத்துப் பாருங்கள். நடுவில் தண்டு. அதன் இரு பக்கமும் மெல்லிய இழைகள். அந்த இழைகளில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் உண்டு. ஒரு கொக்கி அடுத்த இழையைப் பிடித்துக்கொள்கிறது. 1665-ஆம் ஆண்டிலேயே ராபர்ட் ஹூக் என்ற ஆங்கிலேய அறிஞர் நுண்ணோக்கியில் இறகைப் பார்த்து இந்த அமைப்பை எழுதி வைத்தார். இறகை விரலால் பிரித்துவிட்டு, பிறகு அடியிலிருந்து நுனிவரை தடவுங்கள். சட்டைச் சிப்பை இழுத்து மூடியது போல மறுபடியும் சேர்ந்துகொள்ளும். நெருக்கமாக நெய்த இந்த நெசவுக்குள் காற்று தங்குகிறது. தண்ணீர் உள்ளே போவதில்லை. உள்ளே இருக்கும் மெல்லிய தூவி காய்ந்தே இருப்பதால் உடம்புச் சூடும் குறைவதில்லை.

இந்த நெசவைக் காப்பது எண்ணெய். வாலின் அடியில், முதுகுப்புறமாக, சிறு காம்பு போல ஓர் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. வாத்து தலையைத் திருப்பி அங்கே அலகைத் தேய்த்து, அந்த எண்ணெயை உடம்பு முழுவதும் பூசிக்கொள்கிறது. இதைத்தான் இறகு கோதுதல் என்கிறோம். கோதும்போது விலகிய இழைகளும் சேர்கின்றன, அழுக்கும் போகிறது, எண்ணெய் இறகை வறண்டு முறியாமல் காக்கிறது. தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாததற்கு அதன் மெழுகும், மேலே உள்ள நுண்ணிய மேடு பள்ளங்களும் சேர்ந்தே காரணம். வாத்து இறகிலும் நெசவும் எண்ணெயும் சேர்ந்தே வேலை செய்கின்றன.

இப்போது அந்தக் குஞ்சுகளுக்கு வருவோம். குஞ்சுக்கு இருப்பது பஞ்சு போன்ற தூவி மட்டுமே. தாய் வாத்தின் அணைப்பில் கிடக்கும்போது தாயின் எண்ணெய் அதில் ஒட்டுகிறது. குளிர்ந்தால் தாயே சூடும் கொடுக்கிறது. கோழிக்கு அந்த அளவு எண்ணெய் இல்லை. மெஷினில் பொரித்துக் கடையில் விற்கும் குஞ்சுக்கோ தாயே இல்லை. ஆகவே அவை சீக்கிரம் நனைந்து, குளிர்ந்து, செத்துப்போகின்றன.

இத்தகைய குஞ்சுகளை மழையிலும் கால்வாயிலும் விடாதீர்கள். குடிக்க ஆழமில்லாத தட்டில் தண்ணீர் வையுங்கள். நடுவில் சில கூழாங்கற்களைப் போட்டால் குஞ்சு உள்ளே விழாது. முதல் வாரம் பெட்டிக்குள் 32 டிகிரி அளவு சூடு வேண்டும்; பிறகு வாரா வாரம் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். இக்காலத்து எல்.ஈ.டி. விளக்கு வெளிச்சம் தரும், சூடு தராது. பழைய மஞ்சள் பல்பு அல்லது குஞ்சுகளுக்கென விற்கும் சூட்டு விளக்குதான் உதவும். பெட்டி எரிந்துவிடாதபடி அதைத் தள்ளி, உறுதியாகக் கட்டுங்கள். பிள்ளைகள் ஆசைப்பட்டால் வெதுவெதுப்பான தண்ணீரில் சில நிமிடம், பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது நீந்தவிடலாம். உடனே துடைத்துச் சூட்டில் விட வேண்டும். ஏழெட்டு வாரத்தில் முழு இறகு வந்த பிறகு கவலை குறையும்.

வளர்ந்த வாத்துக்குக் குளம் தேவையில்லை. ஆனால் தலையை முழுவதும் முக்கி, தண்ணீரை முதுகில் அள்ளிப் போட்டுக்கொள்ளும் ஆழத்துக்கு ஒரு தொட்டி கட்டாயம் வேண்டும். குளிக்கத் தண்ணீர் இல்லாத வாத்து சரியாகக் கோதுவதில்லை. அதன் இறகில் அழுக்கேறி, நாளடைவில் மழையில் தொப்பலாக நனையத் தொடங்கும். தொட்டித் தண்ணீரைத் தினமும் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். கொட்டும் தண்ணீர் வாழைக்கு நல்ல உரம். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். தினமும் தொட்டியைத் தேய்த்துக் கழுவிக் கொட்டினால் வாத்துக்கும் நன்மை, வீட்டாருக்கும் டிங்கி பயம் இல்லை.

அடுத்து ஒரு முக்கியமான செய்தி. வீட்டுக்குப் பின்னால் ஓடும் சாக்கடையில் வாத்தை இறங்கவிடாதீர்கள். பாத்திரம் கழுவிய சவர்க்காரத் தண்ணீர் அதில்தான் போகிறது. சவர்க்காரம் இறகின் எண்ணெயைக் கரைத்து, தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். மோட்டார் சைக்கிளின் பழைய எண்ணெய் கலந்திருந்தால் இழைகள் ஒட்டிக்கொண்டு நெசவே குலைந்துபோகும். புல் மருந்து வந்த டின்னையோ தோம்பையோ எத்தனை முறை கழுவினாலும் வாத்துத் தொட்டியாக வைக்கக் கூடாது. பாராகுவாட் மருந்துக்கு நம் நாட்டில் 2020 ஜனவரியில் தடை வந்துவிட்டது. என்றாலும் பழைய டின்கள் வீட்டு மூலைகளில் கிடக்கலாம்.

இறகு மங்கிவிட்டதே, தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று சில தாய்மார்கள் நினைக்கலாம். வேண்டாம். அது இழைகளைப் பிசுபிசுவென்று ஒட்டவைத்து இன்னும் கெடுக்கும். கப்பல் எண்ணெய் கடலில் கொட்டும்போது சிக்கிய பறவைகளைக் காப்பாற்றுகிறவர்கள், பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தால்தான் அவற்றைக் கழுவுகிறார்கள். ஆனால் துளிச் சவர்க்காரமும் மிஞ்சாதவரை நல்ல தண்ணீரில் அலசுகிறார்கள். பிறகு எந்த எண்ணெயும் பூசுவதில்லை. மீதி வேலையைப் பறவையே கோதிச் செய்துகொள்கிறது. நாமும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

இறகு புரதத்தால் ஆனது. வெறும் சோறும் ரொட்டியும் தின்ற வாத்துக்கு நல்ல இறகு வராது. தவிட்டோடு வாத்துத் தீவனம், நத்தை, மண்புழு, கீரை கொடுங்கள். மருந்தடித்த வயலிலிருந்து நத்தை எடுக்க வேண்டாம். ஆண்டுக்கு ஒரு முறை பழைய இறகு உதிர்ந்து புது இறகு முளைக்கும். அப்போது தீவனத்தில் குறை வைக்காதீர்கள். ஓர் ஆண் வாத்துக்கு நாலைந்து பெட்டை இருக்கட்டும். ஆண் அதிகமானால் பெட்டைகளின் முதுகிலும் கழுத்திலும் இறகு பிய்ந்துபோகும். படுக்கும் இடத்தில் காய்ந்த உமி போடுங்கள், ஈரமானால் மாற்றுங்கள்.

மலாய்க்காரர்கள் ஈத்தேக் செராத்தி என்று சொல்லும் முகத்தில் சிவப்புச் சதையுள்ள வாத்துக்கு எண்ணெய்ச் சுரப்பி சற்றுச் சிறியது. அது மற்ற வாத்துகளைப்போல நாளெல்லாம் நீந்தாது. அதற்கு ஒதுங்க மேடான இடம் வேண்டும்.

உங்கள் வாத்து நலமா என்று பார்க்க எளிய வழி உண்டு. முதுகில் ஒரு கை தண்ணீர் தெளியுங்கள். முத்து முத்தாக உருண்டு ஓடினால் கவலையில்லை. ஊறி உள்ளே போனால், அந்த வாத்தைக் காற்றடிக்காத காய்ந்த இடத்தில் வையுங்கள். இறகை விலக்கிப் பேன் இருக்கிறதா என்று பாருங்கள். தினமும் சிறிது நேரம் சுத்தமான தண்ணீரில் குளிக்கவிட்டு, நன்றாகக் காயவிட்டு, நல்ல தீவனம் கொடுங்கள். சில சமயம் புது இறகு முளைக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். அது கோதாமல், தின்னாமல், குறுகி உட்கார்ந்திருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வாத்தைத் தொட்ட பிறகு பிள்ளைகள் கைகழுவ மறக்கக் கூடாது. அங்கே மட்டும் சவர்க்காரம் வேண்டும்.

தாய்மார்களே, இறகை நனையாமல் வைத்திருப்பது வாத்தின் வேலை. அந்த வேலையைச் செய்ய அதற்குச் சுத்தமான தண்ணீரும், காய்ந்த படுக்கையும், நல்ல இரையும் கொடுப்பது நம் வேலை. அன்று கால்வாய்க் கரையில் கைதட்டி நின்ற எங்களுக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை. உங்கள் பிள்ளைகளுக்கு இன்றே சொல்லுங்கள்.