கணினி விளையாட்டு ஆக்கும் கருவி: தொடக்கநிலையா, உயர்நிலையா?



கணினியில் விளையாடுவது ஒன்று. விளையாட்டைக் கணினியில் ஆக்குவது மற்றொன்று. முன்னதற்கு விரல்கள் போதும். பின்னதற்குச் சிந்தனை வேண்டும். ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, நுவரெலியா ஆகிய இடங்களில் வாழும் நம் பிள்ளைகள் பெற்றோரின் கைத்தொலைபேசியில் விளையாடிப் பழகிவிட்டார்கள். அவர்களுள் சிலர் விளையாட்டை நிறுத்திவிட்டு, "இதனை யார் செய்தார்கள்? நாமும் செய்ய இயலுமா?" என்று வினவத் தொடங்கியிருக்கிறார்கள். ஆசிரியர் ஒருவரின் செவிக்கு இதனினும் இனிய வினா வேறில்லை.

பிள்ளைக்கு அவ்வினா எழுந்தவுடன் பெற்றோருக்கு வேறொரு வினா எழுகிறது. விளையாட்டு ஆக்குவதற்கென உள்ள மென்பொருள்களுட் சில தொடங்குவோர்க்கு உரியவை என்றும், சில தேர்ந்தோர்க்கு உரியவை என்றும் கூறப்படுகின்றன. இவற்றுள் எதனைப் பிள்ளையின் கையிற் கொடுப்பது? இவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

தொடக்கநிலை என்ற சொல் மலையகத்துப் பெற்றோரின் காதில் ஒருவகைக் கசப்போடு விழுகிறது. அதற்குக் காரணம் உண்டு. தோட்டப் பாடசாலை என்றாலே ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடுவது என்றிருந்த காலத்தை நம் பாட்டன்மாரும் தந்தைமாரும் கண்டிருக்கிறார்கள். ஒரே மண்டபம், ஒரே ஆசிரியர், அதற்குமேற் படிப்பில்லை. ஆகவே, "எங்கள் பிள்ளைக்கு எப்பொழுதும் கீழ்ப்படிதானா? நகரத்துப் பிள்ளை பெரிய மென்பொருளைக் கற்கும்போது, லயத்துப் பிள்ளை மட்டும் பொம்மையை வைத்து விளையாட வேண்டுமா?" என்று ஒரு தாய் கேட்டால், அக்கேள்வியைப் புறந்தள்ளிவிட முடியாது. அதற்கு மதிப்போடு விடை கூறக் கடமைப்பட்டிருக்கிறோம்.

முதலில் இவ்விரு வகைக் கருவிகளும் எத்தன்மையன என்பதைக் காண்போம்.

தொடக்கநிலைக் கருவிகளுள் உலகெங்கும் அறியப்பட்டது ஸ்கிராட்ச் என்பதாகும். அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் மிச்செல் ரெஸ்னிக் என்பவரின் குழுவினர் இதனை உருவாக்கி 2007ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். இதில் கட்டளைகளை எழுத வேண்டியதில்லை. ஒவ்வொரு கட்டளையும் ஒரு வண்ணக் கட்டையாகத் திரையில் இருக்கும். கட்டைகளை இழுத்து ஒன்றோடொன்று பொருத்தினால் செய்நிரல் உருவாகிவிடும். பொருந்தாத கட்டைகள் ஒட்டமாட்டா; ஆதலால் எழுத்துப் பிழையால் வேலை நின்றுபோவதில்லை. எட்டு வயது முதல் பதினாறு வயது வரையுள்ள பிள்ளைகளை எண்ணி இஃது அமைக்கப்பட்டது. ஐந்து முதல் ஏழு வயதுச் சிறார்க்கென ஸ்கிராட்ச் ஜூனியர் என்ற எளிய வடிவம் 2014ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதிலுள்ள கட்டைகளிற் சொற்களுக்குப் பதிலாகப் படங்களே இருப்பதால், வாசிக்கத் தெரியாத பிள்ளையும் அதனைக் கையாளலாம்.

உயர்நிலைக் கருவிகளோ வேறு வகையின. யூனிட்டி, அன்ரியல், கோடோ என்பன அவற்றுட் பெயர் பெற்றவை. தொழிலாகவே விளையாட்டு ஆக்குவோர் பயன்படுத்துபவை இவை. இவற்றில் முப்பரிமாண உலகங்களைப் படைக்கலாம். ஆக்கிய விளையாட்டைக் கைத்தொலைபேசிக்கும் கொண்டுசெல்லலாம். ஆனால் பெரும்பாலும் கட்டளைகளை எழுத்தில் எழுத வேண்டும். ஒரு குறியீடு விடுபட்டாலும் செய்நிரல் இயங்காது. பிழைச் செய்தியும் ஆங்கிலத்திலேயே வரும்.

இப்பாகுபாடு நேற்று முளைத்ததன்று. 1964ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் கெமெனி, கர்ட்ஸ் என்னும் இரு பேராசிரியர்கள் கணிதம் பயிலாத மாணவரும் கணினியைக் கையாள வேண்டும் என்று பேசிக் என்ற எளிய மொழியை உருவாக்கினார்கள். 1967ஆம் ஆண்டில் சீமோர் பேப்பர்ட்டும் அவருடைய நண்பர்களும் சிறுவர்க்கென லோகோ என்ற மொழியை ஆக்கினார்கள். நல்ல கல்விக் கருவிக்கு வாசற்படி தாழ்ந்தும் கூரை உயர்ந்தும் இருக்க வேண்டும் என்பது பேப்பர்ட்டின் கருத்து. எளிதில் உள்ளே நுழைய வேண்டும். நுழைந்தபின் தலை இடியாமல் நிமிர்ந்து வளர இடமும் வேண்டும். எந்தக் கருவியையும் நாம் இந்த அளவுகோலாலேயே அளக்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கூறுகிறேன். நமக்கு மிகவும் பழக்கமான தொழிலையே விளையாட்டாக்குவோம். திரையின் மேலிருந்து தேயிலைக் கொழுந்துகள் விழுகின்றன. கீழே ஒரு கூடை இடமும் வலமும் நகர்கிறது. இரண்டு இலையும் ஒரு மொட்டும் கூடையில் விழுந்தால் ஒரு புள்ளி. முற்றல் இலை விழுந்தால் ஒரு புள்ளி குறையும். இவ்விளையாட்டை ஸ்கிராட்சில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஓரிரு பாடவேளைகளில் ஆக்கி முடிக்கலாம்.

இதில் அவள் கற்பவை எவை? ஸ்கிராட்சின் மேடைக்கு நடுப்புள்ளி பூச்சியம். வலப்புறம் 240 வரையும், இடப்புறம் மறை 240 வரையும், மேலே 180 வரையும், கீழே மறை 180 வரையும் அதன் அளவு செல்கிறது. கூடையை இடப்புறம் நகர்த்த வேண்டுமானால் மறை எண்ணைக் கூட்ட வேண்டும். கணித பாடத்திற் பிள்ளையை மிரட்டும் மறை எண், இங்கே கூடையை நகர்த்தும் வேலைக்காரனாகிவிடுகிறது. புள்ளியைக் காத்துவைக்க மாறி என்பது தேவைப்படுகிறது. கொழுந்து கூடையைத் தொட்டதா என்று பார்க்க நிபந்தனை தேவைப்படுகிறது. கொழுந்துகள் ஓயாமல் விழ மீள்செயல் தேவைப்படுகிறது. மாறி, நிபந்தனை, மீள்செயல் ஆகிய இம்மூன்றுமே உயர்நிலைக் கருவிகளுக்கும் அடித்தளம். கருவி மாறினாலும் இவை மாறமாட்டா.

இனி, அதே விளையாட்டைப் பைத்தன் மொழியில், பைகேம் என்ற துணைத்தொகுதியைக் கொண்டு ஆக்குவதாகக் கொள்வோம். முதலில் சாளரத்தைத் திறக்கக் கட்டளை எழுத வேண்டும். விநாடிக்குப் பலமுறை திரையை அழித்து மீண்டும் வரையும் வளையத்தைத் தானே அமைக்க வேண்டும். பூச்சியப் புள்ளி நடுவில் இல்லை. இடப்புற மேல்மூலையில் இருக்கிறது. கீழே செல்லச்செல்ல எண் கூடுகிறது. கொழுந்து விழுவதைக் காணும் முன்னரே இத்தனையும் சரியாக இருக்க வேண்டும். கருத்துத் தெளிந்த மாணவிக்கு இஃது ஒரு வாரப் பயிற்சி. கருத்தே புதிதான மாணவிக்கோ இது மலையேற்றம். அவள் முதல் வாரத்திலேயே, "இஃது எனக்கு வராது" என்று ஒதுங்கிவிடக் கூடும். ஒருமுறை அவ்வாறு ஒதுங்கிய பிள்ளையை மீண்டும் அழைத்துவருவது எத்துணைக் கடினம் என்பதை ஆசிரியர்கள் நன்கறிவார்கள்.

கீழ்ப்படிதானா என்று கேட்ட தாய்க்கு இப்பொழுது விடை கூறலாம். அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலுக்கு முன்னுரையாக அமைந்த புகழ்பெற்ற பாடநெறியொன்று உண்டு. அதன் முதல் வாரத்தில் மாணவர்கள் கையாளும் கருவி எதுவென்று எண்ணுகிறீர்கள்? இதே ஸ்கிராட்ச்தான். பல்கலைக்கழக மாணவருக்கு இழுக்கென்று கருதப்படாதது நம் பிள்ளைக்கு மட்டும் எங்ஙனம் இழுக்காகும்? இனி, இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அம்மாணவர்கள் ஸ்கிராட்சில் நிற்பது ஒரு வாரமே. அடுத்த வாரம் அவர்கள் எழுத்து மொழிக்குச் சென்றுவிடுகிறார்கள். தொடக்கநிலையிலே தொடங்குவதில் இழிவில்லை; அங்கேயே நிறுத்தி வைக்கப்படுவதிலேதான் இழிவு.

இதனைத் தேயிலைச் செடியே நமக்குக் கற்பிக்கிறது. நாற்றுமேடையில் இளங்கன்றுக்கு நிழற்பந்தல் இடுகிறோம். கன்று வேர்பிடித்து வளர்ந்த பின்னர், அந்நிழலைச் சிறிது சிறிதாகக் குறைத்து வெயிலுக்குப் பழக்குகிறோம். அதன்பிறகே மலையில் நடுகிறோம். நிழலின்றி வளர்த்தால் கன்று கருகும். நிழலை என்றும் நீக்காவிட்டால், நட்ட இடத்தில் வெயிலைத் தாங்கமாட்டாது. தொடக்கநிலைக் கருவி அந்த நிழற்பந்தல் போன்றது. ஆசிரியர் அறிந்தது அஃதொன்றே என்பதற்காக மாணவனை ஆண்டுக்கணக்கில் அதன்கீழ் வைத்திருப்பது, அவனை வெயிலிற் போடுவதைப் போலவே தீங்கானது.

அப்படியாயின் பந்தலை எப்பொழுது குறைப்பது? வயதைப் பார்த்தோ வகுப்பைப் பார்த்தோ இதனை முடிவுசெய்வது பொருந்தாது. மூன்று அடையாளங்களைப் பார்த்தல் நன்று. முதலாவது, மாணவன் பிறர் செய்ததைப் பார்த்துச் செய்யாமல், தானே எண்ணிய விளையாட்டொன்றைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஆக்கி முடித்திருக்க வேண்டும். இரண்டாவது, அது பிழையாக இயங்கும்போது எந்த இடத்திற் பிழை என்பதைத் தேடிக் கண்டு, இன்னொரு மாணவனுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். மூன்றாவது, கருவியால் இயலாத ஒன்றை அவன் கேட்க வேண்டும். ஸ்கிராட்சில் பாத்திரங்களின் படிகள் ஒரே நேரத்தில் 300க்கு மேல் இருக்க முடியாது. "ஐயா, என் கொழுந்துகள் ஓர் அளவுக்கு மேல் விழ மறுக்கின்றன, என்ன செய்வது?" என்று ஒரு மாணவன் வந்து கேட்டால், அவனுடைய தலை கூரையைத் தொட்டுவிட்டது என்று பொருள். அன்றே அவனுக்கு அடுத்த வாயிலைத் திறந்துவிட வேண்டும்.

இரு நிலைகளையும் ஒரே கூரையின்கீழ் வைத்த கருவிகளும் உள. நெதர்லாந்தின் பேராசிரியர் மார்க் ஓவர்மார்ஸ் 1999ஆம் ஆண்டில் வெளியிட்ட கேம்மேக்கர் அத்தகையது. தொடங்குவோர் அதில் இழுத்துப் பொருத்தியும், தேர்ந்தோர் கட்டளை எழுதியும் வேலை செய்யலாம். 2015ஆம் ஆண்டில் வெளிவந்து உலகப் புகழ்பெற்ற அண்டர்டேல் என்ற விளையாட்டு இக்கருவியில் ஆக்கப்பட்டதே. எளிய கருவியிலிருந்து எளிய பொருளே பிறக்கும் என்று எண்ணுவது தவறு என்பதற்கு இதுவே சான்று.

நம் பகுதியின் நிலைமைக்கேற்ற சில செய்திகளையும் கூறுதல் வேண்டும்.

முதலாவது பணம். ஸ்கிராட்ச், பைத்தன், கோடோ ஆகிய மூன்றும் முற்றிலும் இலவசம். ஆகவே, மென்பொருளுக்கென்று எவரேனும் பெருந்தொகை கேட்டால், நகையை அடகு வைப்பதற்கு முன்னர்ப் பாடசாலை ஆசிரியரிடம் ஒருமுறை கேளுங்கள். இலவசம் என்பதிலும் வேறுபாடு உண்டு. யூனிட்டி நிறுவனம் 2023ஆம் ஆண்டு செப்டெம்பரில், விளையாட்டு ஒவ்வொரு முறை நிறுவப்படும்போதும் அதனை ஆக்கியவரிடம் கட்டணம் பெறும் திட்டமொன்றை அறிவித்தது. குறிப்பிட்ட வருமானத்தைக் கடந்தவர்களுக்கே அது பொருந்துவதாக இருந்தும் எதிர்ப்பு வலுத்தது. ஓராண்டின் பின்னர் அத்திட்டம் கைவிடப்பட்டது. திறந்த மூலமான கோடோவிலோ எவரும் அத்தகைய கட்டணம் விதிக்க இயலாது.

இரண்டாவது கணினியும் இணையமும். பெரிய கருவிகள் பல கிகாபைட் அளவின. புதிய கணினியை வேண்டுபவை. கோடோவின் அளவோ ஏறத்தாழ நூறு மெகாபைட்டே. ஸ்கிராட்சையும் ஒருமுறை தரவிறக்கிக் கணினியில் நிறுவிவிட்டால் இணையமின்றியே வேலை செய்யலாம். 2020ஆம், 2021ஆம் ஆண்டுகளில் பாடசாலைகள் மூடியிருந்தபோது, அலைத்தொடர்பு தேடிக் குன்றேறிய பிள்ளைகளை நாம் மறக்கவில்லை. மழைக்காலத்தில் தொடர்பு அறுந்தாலும் பாடம் அறுந்துவிடாத கருவியே நமக்கு ஏற்றது. வீட்டிற் கணினி இல்லாத பிள்ளைக்கு, ஆஸ்திரியாவின் கிராட்ஸ் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தில் தோன்றிய பாக்கெட் கோட் என்ற செயலி உதவும். கைத்தொலைபேசியிலேயே கட்டைகளைப் பொருத்தி விளையாட்டு ஆக்க அஃது இடந்தருகிறது.

மூன்றாவது மொழி. ஆங்கிலம் போதாது என்ற அச்சமே நம் மாணவரைப் பெரிதும் தடுக்கிறது. ஆனால் பைத்தன் மொழிக்கே உரிய ஒதுக்கப்பட்ட சொற்கள் 35 மட்டுமே. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒரு தவணையில் கற்கும் ஆங்கிலச் சொற்களே அதைவிட அதிகம். சொற்களைக் கண்டு அஞ்சுவோர், தமிழ்ச் சொற்களாலேயே கட்டளை எழுத வாய்ப்பளிக்கும் எழில் என்ற மொழியையும் பயின்று பார்க்கலாம். சிந்தனை தமிழிலே தெளிந்துவிட்டால், அதனை வேறு மொழிக் கட்டளையாக்குவது பெருந்தொல்லையன்று. நம் உயர்தர வகுப்பின் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் மாணவர்கள் பயில்வதும் பைத்தனையே. கோடோவின் கட்டளை மொழியும் அதனையொத்த நடையுடையது. ஆதலால் ஸ்கிராட்ச், அதன்பின் பைத்தன், அதன்பின் கோடோ என்ற வரிசை, பரீட்சைக்கும் உதவி, பரீட்சைக்கு அப்பாலும் உதவும்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை எந்த மென்பொருளைக் கற்கிறான் என்று கேட்காதீர்கள். "இந்த மாதம் எதனை ஆக்கி முடித்தாய்? காட்டு பார்ப்போம்" என்று கேளுங்கள். முடிக்கப்பட்ட ஒரு சிறு விளையாட்டு, தொடங்கிக் கைவிடப்பட்ட பத்துப் பெரிய விளையாட்டுகளினும் மேலானது. ஆசிரியர்களே, பிள்ளை இன்று நிற்கும் படியையும் அடுத்த படியையும் சேர்த்தே அறிந்து வைத்திருங்கள். அடுத்த படியை நாம் அறியாதிருந்தால், அறிய வேண்டியவர்கள் நாமேயன்றிக் காத்திருக்க வேண்டியவர்கள் பிள்ளைகளல்லர்.

பிறர் ஆக்கியதை நுகர்வது மட்டுமே நம் பிள்ளைகளின் விதியென்று எங்கும் எழுதப்படவில்லை. அவர்களும் ஆக்குவோராக வேண்டும். அதற்கு அவர்களுக்கு இன்று ஏறக்கூடிய ஒரு படி வேண்டும். அதற்கு அடுத்த படியும் பூட்டப்படாதிருக்க வேண்டும்.