யார் பக்கம் என்று கேட்காதீர்கள்

(முன்னாள் மாணவியர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"அமெரிக்கத் தேர்தல் பற்றி ஏதாவது பேசுங்க" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். ஜனாதிபதித் தேர்தல் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. எனவே, நம் ஊரில் யாரிடம் சொன்னாலும் "அப்படியுமா நடக்கும்?" என்று கேட்கிற ஒரு சின்னத் தேர்தலைப் பற்றிச் சொல்லப் போகிறேன். நீதிபதியாக வருவதற்கு ஒரு வக்கீலம்மா வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்ட கதை இது.

நான் நியூயார்க் மாநிலத்தில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். ஆங்கிலம் தெரியாதவர் வழக்குக்கு வந்தால், கட்டணம் இல்லாமல் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது அங்கே நீதிமன்றத்தின் பொறுப்பு. தமிழுக்கு அழைப்பு வருவது எப்போதாவதுதான். வந்தால், பெரும்பாலும் குடும்ப நீதிமன்றத்திலிருந்துதான் வரும்.

அந்த நீதிமன்றம் 1962-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. குழந்தை யாரிடம் வளர்வது, செலவுக்குப் பணம் யார் தருவது, அடி உதைக்குப் பயந்தவருக்குப் பாதுகாப்பு, தத்தெடுப்பு, சிறுவர் செய்த குற்றங்கள், பெற்றோர் சரியாகக் கவனிக்காததால் அரசு எடுத்துச் சென்ற குழந்தைகள் - எல்லாம் அங்கேதான். விவாகரத்து மட்டும் அங்கே கிடையாது. அதற்குச் 'சுப்ரீம் கோர்ட்' போக வேண்டும். பயப்படாதீர்கள், நியூயார்க்கில் சுப்ரீம் கோர்ட் என்பது கீழே முதல் விசாரணை நடக்கும் நீதிமன்றத்தின் பெயர்தான்!

குடும்ப நீதிமன்றத்தில் ஜூரி கிடையாது. சினிமாவில் பார்க்கிற அந்தப் பன்னிரண்டு பேர் வரிசையெல்லாம் இல்லை. ஒரே ஒரு நீதிபதி. ஒரு குழந்தை இன்றிரவு எந்த வீட்டில் தூங்கும் என்பதை அவர்தான் முடிவு செய்கிறார். அதிகாரிகள் குழந்தையை எடுத்துச் சென்றுவிட்டால், திருப்பித் தரச் சொல்லிப் பெற்றோர் மனுச் செய்யலாம். 3 நீதிமன்ற நாட்களுக்குள் விசாரணை தொடங்க வேண்டும் என்பது பொது விதி. அந்த மூன்று நாளில் ஒரு தாயின் முகம் எப்படி மாறும் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்.

அப்படிப்பட்ட நாற்காலிக்கு ஆள் வருவது எப்படி? இரண்டு வழி இருக்கிறது. நியூயார்க் நகரத்துக்குள் மேயர் நியமிக்கிறார். நகரத்துக்கு வெளியே கவுண்டி, அதாவது நம் மாவட்டம் போன்ற பகுதியின் வாக்காளர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். எப்படி வந்தாலும் பதவிக்காலம் 10 ஆண்டு. குறைந்தது 10 ஆண்டு வழக்கறிஞராகப் பதிவு பெற்றிருக்க வேண்டும். 70 வயதில் ஓய்வு.

நியமனம் ஒன்றும் மட்டமான வழி அல்ல. 1939-இல் மேயர் லகுவார்டியா, ஜேன் போலின் என்ற அம்மையாரைக் குடும்ப வழக்குகளுக்கான நீதிபதியாக்கினார். அமெரிக்காவிலேயே நீதிபதியான முதல் கறுப்பினப் பெண் அவர்தான். 1978 வரை அந்தப் பணியிலேயே இருந்தார். நன்னடத்தை அதிகாரிகளை நிறம் பார்த்து வழக்குகளுக்கு அனுப்பும் வழக்கத்தை ஒழித்தார். அரசுப் பணம் வாங்கும் குழந்தைக் காப்பகங்கள் நிறம் பார்த்துப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பதற்கும் பாடுபட்டார். தேர்தலில் நிற்காமலே இவ்வளவும் செய்தார்.

இனி எங்கள் வக்கீலம்மா. பெயர் வேண்டாமே. 26 வருஷம் குடும்ப வழக்குகளே நடத்தியவர். கணவனுக்காகவும் வாதாடியிருக்கிறார், மனைவிக்காகவும் வாதாடியிருக்கிறார், நீதிமன்றம் நியமித்த வக்கீலாகக் குழந்தைகளுக்காகவும் நின்றிருக்கிறார். வழக்கு விவரங்களை வெளியே சொல்ல எனக்கு அனுமதி இல்லை. ஒரே ஒரு வார்த்தையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 'கஸ்டடி' என்பதை அகராதிப்படி 'காவல்' என்றால், நம் ஊர்ப் பாட்டிக்கு என்ன தோன்றும்? போலீஸ் ஸ்டேஷன்தான் தோன்றும்! 'குழந்தையை வளர்க்கும் பொறுப்பு' என்று நான் சொன்னால், ஒரு சொல்லுக்கு ஏன் மூன்று சொல் என்று சிலர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இந்த அம்மா பார்க்க மாட்டார். "அவங்களுக்குப் புரிஞ்சுதான்னு கேட்டுட்டு மேலே போகலாம்" என்று நிறுத்தி நிதானமாகப் பேசுவார்.

ஒரு நீதிபதி ஓய்வு பெற்றதும் அந்த இடத்துக்கு இவர் போட்டியிட்டார். மொழிபெயர்ப்பாளர் நடுநிலை தவறக் கூடாது. ஆகவே நான் பிரசாரத்தில் சேரவில்லை. ஊர் நூலகத்தில் நடந்த கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டேன், அவ்வளவுதான்.

ஒருவர் எழுந்தார். "அப்பாக்களுக்கு இங்கே நியாயமே கிடைக்கிறதில்லை. நீங்க வந்தா மாத்துவீங்களா?" என்றார். "அதற்கு நான் வாக்குக் கொடுக்க முடியாது" என்றார் அம்மா. ஒரு பெண் எழுந்து, "அடிக்கிற புருஷனுக்குப் பிள்ளையைக் கொடுக்க மாட்டேன்னாவது சொல்லுங்க" என்றார். "ஒவ்வொரு வழக்கிலும் சாட்சியத்தைக் கேட்பேன். அதற்கு முன்னால் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்" என்றார். கூட்டத்தில் ஒரே சலசலப்பு. பக்கத்தில் இருந்தவர், "இதைச் சொல்லவா ஓட்டுக் கேட்டு வந்தாங்க?" என்று முணுமுணுத்தார்.

தோழிகளே, அவர் நழுவவில்லை. நீதிபதி பதவிக்கு நிற்பவர் இன்ன வழக்கில் இன்னபடி தீர்ப்பளிப்பேன் என்று வாக்குறுதி தரக் கூடாது. அது அங்கே நடத்தை விதி. தானே கைநீட்டித் தேர்தல் நிதி கேட்கவும் கூடாது, குழுதான் திரட்ட வேண்டும். யோசித்துப் பாருங்கள். மற்ற வேட்பாளர்கள் எல்லாம் 'உங்களுக்கு இதைச் செய்வேன்' என்று சொல்லித்தான் ஓட்டு வாங்குகிறார்கள். நீதிபதி வேட்பாளர் மட்டும் 'உங்களுக்கென்று எதுவும் செய்ய மாட்டேன்' என்று சொல்லி ஓட்டு வாங்க வேண்டும்! அப்பாக்களுக்கு இன்று வாக்குக் கொடுத்தவர், நாளை ஓர் அம்மா எதிரே நிற்கும்போது எந்த முகத்தோடு உட்கார்வார்?

அப்புறம் ஒரு வயதானவர் கேட்டார்: "பேத்தி வழக்குக்காக ஒரு நாள் முழுக்க நடைபாதையில் உட்கார்ந்திருந்தேன். உங்க கோர்ட்டிலும் அப்படித்தானா?" இதற்குத்தான் அம்மா முகம் மலர்ந்தது. எல்லாரையும் காலை 9 மணிக்கே வரச் சொல்லாமல் நேரம் பிரித்துக் கொடுப்பேன், கட்டை முன்னதாகவே படித்துவிட்டு வருவேன், உத்தரவு போட்டதும் அதன் பொருளைச் சாதாரணப் பேச்சில் விளக்குவேன் என்று பத்து நிமிஷம் பேசினார். எப்படித் தீர்ப்பளிப்பீர்கள் என்பதற்கு அவரிடம் பதில் இருக்கக் கூடாது. எப்படிக் கேட்பீர்கள் என்பதற்குப் பதில் இருந்தே ஆக வேண்டும். அன்று எனக்குப் புரிந்தது இதுதான்.

அனுபவம் என்பதும் இரண்டு பக்கம் கூரான கத்தி. 26 வருஷம் பார்த்தவருக்கு, பொய் எது, பயம் எது என்று ஓரளவு தெரியும். அதே 26 வருஷம், 'இந்த மாதிரி ஆள் எனக்குத் தெரியாதா?' என்ற அலட்சியத்தையும் கொடுத்துவிடலாம். ஆகவே எத்தனை வருஷம் என்று எண்ணினால் போதாது. எதிர்க்கட்சிக்காரர் அவரைப் பற்றி என்ன சொல்கிறார் என்றும் விசாரிக்க வேண்டும். அங்கே வழக்கறிஞர் சங்கங்கள் வேட்பாளர்களை விசாரித்துத் தகுதி பற்றிக் கருத்து வெளியிடுகின்றன. ஆனால் அதைப் படிப்பவர் எத்தனை பேர்? பெரிய பதவிகளுக்கு ஓட்டுப் போட்டுவிட்டு, நீதிபதி இடத்தை வெறுமனே விட்டுவிட்டு வருகிறவர் அநேகம். "நமக்கு அங்கே என்ன வேலை?" என்பார்கள். வேலை வருகிற நாளில் ஆளை மாற்ற முடியாது, 10 வருஷம்!

அம்மா ஜெயித்தார். ஜெயித்ததற்கும் ஒரு விலை உண்டு. நீதிபதி வக்கீல் தொழில் செய்யக் கூடாது. பாதியில் நின்ற கட்சிக்காரர்களை வேறு வக்கீல்களிடம் ஒப்படைத்துவிட்டு அலுவலகத்தைப் பூட்டினார். அவர் நடத்திய பழைய வழக்கு ஏதாவது திரும்பி வந்தால் விலகிக்கொள்ள வேண்டும். முன்பெல்லாம் காப்பி இயந்திரத்தருகே நின்று பிள்ளைகளைப் பற்றி விசாரிப்பார். இப்போது எதிரே வந்தால் ஒரு தலையசைப்புதான். எனக்கு அதில் வருத்தமில்லை, மரியாதைதான் கூடியது.

நம் நாட்டில் நீதிபதிக்குத் தேர்தல் இல்லை. 1984-ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டப்படி, உயர் நீதிமன்றத்தின் இசைவோடு மாநில அரசு நியமிக்கிறது. 7 ஆண்டு உயர் நீதிமன்ற வழக்கறிஞராக இருந்தவரும் தகுதி பெறலாம். பெண்களுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. வக்கீல் வைத்துக்கொள்வது கட்சிக்காரரின் உரிமை அல்ல என்றும் சொல்கிறது. அப்படியானால், வக்கீல் இல்லாமல் தனியாக நிற்கும் பெண்ணின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்கிற நீதிபதி இங்கே இன்னும் அதிகமாகத் தேவை இல்லையா?

மாணவிகளே, உங்களில் சிலர் சட்டம் படிக்கப் போகிறீர்கள். குடும்ப வழக்கா, அழுகையும் சண்டையும்தானே, சிவிலும் கிரிமினலும்தான் பெரிய தொழில் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டு பக்கத்துக்கும் உழையுங்கள். எதிராளியின் கண்ணீரும் கண்ணீர்தான் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஓட்டு வாங்கி வந்தாலும் உத்தரவு வாங்கி வந்தாலும், அந்த நாற்காலியில் உட்காரும் தகுதி அங்கேதான் தொடங்குகிறது.