பழைய எஞ்சினுக்குப் போத்தல் மருந்து



முதுமையை நீக்கி இளமையைத் தரும் காயகற்பத்தை மனிதன் நெடுங்காலமாகத் தேடி வந்திருக்கிறான். தனக்கு அது கிட்டாவிட்டாலும் தன் மோட்டார் வண்டிக்கு அது கடையிற் கிடைக்கும் என்று நம்ப விரும்புகிறான். உதிரிப்பாகக் கடைகளில் வரிசையாக நிற்கும் சிறு போத்தல்களே இதற்குச் சான்று. ஒன்று புகையை நிறுத்தும் என்கிறது. இன்னொன்று இழந்த வலுவை மீட்கும் என்கிறது.

இலங்கையில் இந்த நம்பிக்கைக்குக் காரணமும் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டியை ஓட்டியே தீரவேண்டிய நிலை பலருக்கும் உண்டாயிற்று. வாடகைக்கு வண்டி ஓட்டிப் பிழைப்பவர் எஞ்சினைக் கழற்றினால், கைப்பணம் கரைவதோடு வருமானமும் நின்றுவிடும். அவர் ஒரு போத்தலை நம்பினால் அவரைப் பரிகசித்தல் தகாது. அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று எடுத்துரைத்தலே தக்கது.

எஞ்சின் தளர்வதற்கு முக்கிய காரணங்கள் இரண்டு: ஒன்று அழுக்கு, மற்றது தேய்வு. பிஸ்டனைச் சுற்றி றிங் எனப்படும் வளையங்கள் உள்ளன. மேல் வளையங்கள் எரியும் வாயு கீழே கசியாமல் தடுக்கின்றன. கீழ் வளையம் சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெயை வழித்து இறக்குகிறது. எண்ணெய் கருகி வளையத்தின் காடியிற் கரி இறுகினால், வளையம் அசையாது ஒட்டிக்கொள்ளும். இது அழுக்கு. உலோகம் உரசி உரசிச் சுவர் அகன்று வளையம் மெலிந்தால், அது தேய்வு. இரண்டிலும் வெளியே தெரியும் குறிகள் ஒன்றே: நீலப் புகை, எண்ணெய்க் குறைவு, ஏற்றத்தில் வலுவின்மை. ஆனால் அழுக்கைக் கரைக்கலாம். தேய்ந்துபோன உலோகத்தை எந்த மருந்தும் திருப்பித் தராது.

எனினும் எல்லாப் போத்தலும் வீண் அல்ல. பெற்றோலிற் கலக்கும் சுத்திகரிப்பான்களுள் பொலியீதர் அமைன் என்னும் பொருள் அடங்கியவை, இன்செக்டரிற் படிந்த அழுக்கை நீக்கவல்லன. வால்வின் இறப்பர் சீல் வெப்பத்தால் இறுகியிருந்தால், அதனை மென்மையாக்கும் மருந்து கசிவைச் சிலகாலம் குறைக்கலாம். ஆனால் கிழிந்த சீலை அது தைக்காது.

எண்ணெயைத் தடிப்பாக்கும் மருந்து வேறுவகை. அதனை ஊற்றியதும் புகை குறையும், சத்தம் அடங்கும். நோய் மறைந்ததேயன்றி நீங்கவில்லை. பழைய கார் வாங்குவோர் இதனை நினைவில் வைத்தல் நன்று. விற்பவர் முதல்நாள் ஊற்றிய மருந்தின் பயன், அடுத்த எண்ணெய் மாற்றத்தோடு முடிந்துவிடும்.

எஞ்சினைக் கழுவும் மருந்திலோ ஆபத்தும் உண்டு. பல காலம் எண்ணெய் மாற்றாத எஞ்சினுள் வண்டல் கட்டியிருக்கும். வலிய மருந்து பட்டால் அது கட்டிகளாகப் பெயர்ந்து எண்ணெய்ப் பம்பின் சல்லடையை அடைத்துவிடலாம். எண்ணெய் கிட்டாத பெயாறிங்குகள் விரைவில் அழிந்துபோகும். அத்தகைய எஞ்சினுக்கு, நல்ல எண்ணெயையும் வடிகட்டியையும் குறுகிய தூரத்துக்கொருமுறை மாற்றி வருவதே பாதுகாப்பான வழி. அழுக்கை நீக்கும் பொருள் நல்ல எண்ணெயிலேயே கலந்திருக்கிறது.

கரைப்பான் எண்ணெயோடு கலந்தால் என்ன நேரும் என்பதை யாழ்ப்பாணம் அனுபவத்தால் அறியும். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில் அங்கே பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிது பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கிய பின் மண்ணெண்ணெயில் ஓட்டினர். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. எரியாது மிஞ்சியது சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக் கீழே வடிந்து, எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்யும். தேய்வு அதனால் விரையும்.

விளம்பரச் சொற்களையும் நிறுத்துப் பார்த்தல் வேண்டும். சிலிக் 50 என்னும் எண்ணெய்க் கூட்டுப்பொருள் எஞ்சினின் தேய்வைப் பாதிக்கு மேல் குறைக்கும் என்று விளம்பரம் செய்யப்பட்டது. அக்கூற்றுக்கு ஆதாரமில்லை என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு 1996இல் குற்றஞ்சாட்டியது. அடுத்த ஆண்டில் விற்பனையாளர் ஆணைக்குழுவோடு இணக்கத்துக்கு வந்தனர். ஆதாரமின்றி அவ்வாறு விளம்பரம் செய்வதில்லை என்றும் ஒப்புக்கொண்டனர்.

அப்படியானால் வண்டிக்காரர் செய்யவேண்டியது யாது? நோயின் மூலத்தை முதலில் அறிதல் வேண்டும். பெற்றோல் எஞ்சினாயின், மெக்கானிக் பிளக்கைக் கழற்றி அமுக்கமானியால் ஒவ்வொரு சிலிண்டரையும் அளப்பார். அமுக்கம் குறைந்த சிலிண்டரில் ஒரு சிறு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடியும் அளப்பார். அமுக்கம் நன்கு உயர்ந்தால் குறை வளையத்திலோ சுவரிலோ உள்ளது. உயராவிடில் வால்வையோ ஹெட் காஸ்கெட்டையோ ஐயுறலாம். அங்கே எண்ணெய் மருந்தாற் பயனில்லை.

குறை வளையத்திலென்று கண்டால், கரைப்பானுக்கு நியாயமான இடம் உண்டு. அதனைப் பிளக் துவாரத்தினூடே சிறிதளவு விட்டு ஓரிரவு ஊறவிடலாம். மறுநாள், பிளக் பூட்டுமுன் எஞ்சினைச் சுழற்றி மிச்சத்தை வெளியேற்றுதலும், எண்ணெயை முற்றாக மாற்றுதலும் தவறக்கூடாதவை. சில நாள் ஓட்டியபின் மீண்டும் அளந்து பார்க்கலாம். அமுக்கம் ஏறியிருந்தால் நோய் அழுக்கு; பெருஞ்செலவு தப்பியது. ஏறவில்லையாயின் நோய் பெரும்பாலும் தேய்வே. அதற்கு மருந்து கடைசற் பட்டறையிலேதான் உண்டு. இரண்டாவது, மூன்றாவது போத்தலுக்குச் செலவிடும் பணத்தை அதற்கெனச் சேர்த்து வைத்தலே அறிவுடைமை.