தந்தையின் வாக்குமூலம்

தந்தை என்ற நிலை மனிதனுக்குப் பெரிய மதிப்பைத் தருகிறது. அம்மதிப்பைக் காப்பதற்காகவே தந்தையர் பலர் தம் பிள்ளைகளின் முன்னிலையில் வேறொரு மனிதராக வாழ்கின்றனர். இளமையிற் செய்த பிழை மறைக்கப்படுகிறது. பரீட்சையில் அடைந்த தோல்வி மறைக்கப்படுகிறது. பட்ட கடன் மறைக்கப்படுகிறது. நெஞ்சிலுள்ள அச்சமுங்கூட மறைக்கப்படுகிறது. தன் தந்தை குறையற்றவர் என்று பிள்ளை எண்ண வேண்டும் என்பதே இம்மறைப்பின் நோக்கம். ஆனால் பிள்ளையின் கண் கூரியது. பாதியை அது தானே கண்டுகொள்கிறது. எஞ்சிய பாதியை ஊரார் சொல்லி விடுகின்றனர். அவ்வேளையில், தந்தையின் குறையைக் காட்டிலும் அதை அவர் மறைத்து வைத்த செயலே பிள்ளையின் மனத்தைப் பெரிதும் வருத்துகிறது.

அவ்வாறாயின் உண்மையைச் சொல்லிவிட்டாற் போதுமா? சொல்லிய அளவிலே தந்தையின் கடமை முடிந்துவிடுமா? இவ்வினாவை ஆராய்வதற்கு இரு பெரியோரின் வாழ்க்கை துணை செய்கிறது. இருவரும் உலகப் புகழ் பெற்றவர். இருவரும் கல்வியைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்தவர். இருவரும் தம் குறைகளைத் தம் கையாலேயே எழுதி உலகின் முன் வைத்தவர். இருவரும் தந்தையர். ஒருவர் பிரெஞ்சு மொழியில் எழுதிய ரூசோ; மற்றவர் காந்தியடிகள்.

ரூசோ 1712ஆம் ஆண்டில் ஜெனீவா நகரிற் பிறந்தார். பிறந்த சில நாட்களில் தாய் இறந்தார். தந்தை கடிகாரத் தொழில் செய்தவர். பூசல் ஒன்றன் விளைவாகச் சிறைக்கு அஞ்சி அவர் நகரை விட்டு நீங்கியபோது மகனுக்கு வயது பத்து. பெற்றோரின் நிழல் இன்றி வளர்வது எத்தகையது என்பதை ரூசோ ஏட்டிற் படித்து அறிந்தவர் அல்லர், பட்டு அறிந்தவர்.

அத்தகையவர் பாரிஸ் நகரில் தெரேஸ் என்ற ஏழைப் பெண்ணோடு வாழ்ந்தார். அவர்களுக்கு ஐந்து குழந்தைகள் பிறந்தன. ஐந்தும் பிறந்தவுடனே அநாதைக் குழந்தைகளை ஏற்கும் விடுதிக்கு அனுப்பப்பட்டன. அக்காலத்தில் அவ்விடுதியிற் சேர்ந்த சிசுக்களிற் பெரும்பாலானவை நெடுநாள் உயிர் வாழவில்லை. முதற் குழந்தையின் துணியில் மட்டும் அடையாளச் சீட்டு ஒன்று வைக்கப்பட்டது. பின் வந்த நால்வர்க்கும் அதுவும் இல்லை. 1761ஆம் ஆண்டில் பிரபுகுலப் பெருமாட்டி ஒருவர் அந்த முதற் பிள்ளையைத் தேடச் செய்தார். சுவடு எதுவும் கிட்டவில்லை.

அதற்கு அடுத்த ஆண்டிலே, 1762இல், ரூசோவின் 'எமில்' வெளிவந்தது. குழந்தை வளர்ந்தோரின் சிறிய உருவம் அன்று. அதற்கென ஓர் இயல்பும் ஒரு காலமும் உண்டு என்னும் கருத்தை ஐரோப்பாவில் ஆழப் பதித்த நூல் அது. இன்றைய ஆசிரியர் பயிற்சிப் பாடங்களிலும் அதன் செல்வாக்கைக் காணலாம். தந்தையின் கடமைகளைச் செய்ய இயலாதவனுக்குத் தந்தையாகும் உரிமை இல்லை என்றும், வறுமையோ வேலையோ அதற்குச் சாக்காகாது என்றும் அந்நூலிலே ரூசோ எழுதினார். அவ்வரிகள் எவரைக் குறித்தன என்பது அன்று வாசகர் பலர்க்குத் தெரியாது. 1764இல் வால்டேர் பெயரிடாது வெளியிட்ட துண்டுப் பிரசுரம் ஒன்று அதை உலகுக்குச் சொல்லியது.

பின்னர் ரூசோ தம் வாழ்க்கையை எழுதினார். 'வாக்குமூலங்கள்' என்னும் அந்நூலின் முற்பகுதி அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து 1782இலும், பிற்பகுதி 1789இலும் வெளிவந்தன. ஐந்து குழந்தைகளின் செய்தியை அதில் அவர் மறைக்கவில்லை. ஆனால் அச்செய்தியைத் தொடர்ந்து காரணங்கள் அணிவகுத்து வருகின்றன. தெரேஸின் உறவினர் தீயோர் என்பது ஒன்று. அவர்களிடையே வளர்வதிலும் உழவராகவோ தொழிலாளராகவோ வளர்வது பிள்ளைகளுக்கு நன்று என்பது மற்றொன்று. பிளேட்டோ கற்பனை செய்த குடியரசின் குடிமகனாகத் தம்மை அக்காலத்திற் கருதியதாகவும் அவர் கூறுகிறார். ஐந்து பிள்ளைகளின் பெயர்கள் மட்டும் அந்நூலில் இல்லை.

இங்கே நேர்மை உண்டு; ஆயினும் அது பாதி நேர்மை. நிகழ்ந்ததை ஒப்புக்கொள்ளும் மனிதர், அதைச் செய்தவர் எத்தகையவர் என்பதை ஒப்புக்கொள்ளவில்லை. குற்றம் சொல்லப்படுகிறது, சொல்லப்பட்ட உடனே அது காரணங்களால் மூடப்படுகிறது. தம் இயல்பை உள்ளவாறு ஏற்றுக்கொள்ளுதல் என்பது வேறு. அதற்கு விளக்கம் எழுதுதல் என்பது வேறு.

இனிக் காந்தியடிகளைப் பார்ப்போம். அவர் தந்தையானதற்கு முன் மகனாக இருந்த காலத்து நிகழ்ச்சி ஒன்று 'சத்திய சோதனை'யில் உள்ளது. பதினைந்து வயதில், அண்ணன் பட்ட இருபத்தைந்து ரூபா அளவான கடனைத் தீர்க்க, அவ்வண்ணனின் கைக்காப்பிலிருந்து சிறிது பொன்னைக் காந்தி களவாக வெட்டி எடுத்தார். கடன் தீர்ந்தது, மனச்சுமை தீரவில்லை. குற்றத்தை எழுதி, தண்டனை வேண்டி, அத்தாளைத் தந்தையின் கையிற் கொடுத்தார். தந்தை கரம்சந்த் அப்போது நோயுற்றுப் பலகைப் படுக்கையிற் கிடந்தார். எழுந்து உட்கார்ந்து படித்தார். கண்ணீர் வழிந்து தாளை நனைத்தது. சற்று நேரம் கண்களை மூடிச் சிந்தித்தார், தாளைக் கிழித்தார், மீண்டும் படுத்துக்கொண்டார். ஏசவில்லை, அடிக்கவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை.

கரம்சந்த் அரசவைகளில் திவானாகப் பணியாற்றியவர். கோபக்காரர் என்று மகனே எழுதியிருக்கிறார். ஆனால் மகன் தன்னை உள்ளபடி காட்டியபோது, அந்த மகனை உள்ளபடி ஏற்றுக்கொள்ள அவரால் முடிந்தது. கிழிக்கப்பட்ட அத்தாள் ஒரு பிள்ளையின் வாழ்நாள் முழுவதற்கும் போதுமான பாடமாயிற்று.

இத்தகைய தந்தையைப் பெற்ற மகன் தாம் தந்தையானபோது நிகழ்ந்தது யாது? மூத்த மகன் ஹரிலால் 1888இற் பிறந்தார். அப்போது காந்திக்கு வயது பதினெட்டு. அவ்வாண்டு செப்டெம்பரிலே அவர் சட்டம் படிக்க இங்கிலாந்து சென்றார், 1891இல் மீண்டார், 1893இல் தென்னாபிரிக்காவுக்குப் புறப்பட்டார். குடும்பத்தை அவர் அங்கே அழைத்துச் சென்றது 1896இன் இறுதியில். எனவே மகனின் முதல் எட்டு ஆண்டுகளில் தந்தை உடனிருந்த காலம் மிகக் குறைவு.

ஹரிலால் தந்தையின் வழியை முதலில் எதிர்த்தவர் அல்லர். 1908 முதல் டிரான்ஸ்வாலில் நடந்த சத்தியாக்கிரகத்திற் பலமுறை சிறை சென்றார். 'சின்னக் காந்தி' என்று மக்கள் அவரை அழைத்தனர். ஆனால் அவர் உள்ளத்தில் ஓர் ஆசை இருந்தது. பள்ளிக்கூடம் சென்று முறையாகக் கற்க வேண்டும். தந்தையைப் போல இங்கிலாந்து சென்று சட்டம் படிக்க வேண்டும். காந்தியடிகளோ அத்தகைய கல்வியில் நம்பிக்கை இழந்திருந்தார். நண்பர் ஒருவர் இங்கிலாந்திற் கற்க உதவிப் பணம் அளிக்க முன்வந்தபோது, அது உறவினரான வேறோர் இளைஞருக்கும், அவர் உடல்நலம் குன்றித் திரும்பிய பின் மற்றொருவருக்கும் போயிற்று. தம் மகன் என்பதனால் எந்தச் சலுகையும் கூடாது என்பது காந்தியடிகளின் நீதி. ஊருக்கு நீதியாகத் தோன்றிய அது, வீட்டில் இருந்த மகனுக்கு மறுப்பாகவே தோன்றியது.

1911இல் ஹரிலால் தந்தையை விட்டுப் பிரிந்து இந்தியா சென்றார். பரீட்சையிலும் தேறவில்லை. 1915இல் தம் மனக்குறைகளை எல்லாம் நீண்ட கடிதமாக எழுதி அச்சிட்டார். 1918இல் மனைவியை இழந்தார். பின்னர் குடியும் கடனும் அவரைப் பற்றிக்கொண்டன. 1936ஆம் ஆண்டிலே இஸ்லாத்தைத் தழுவி அப்துல்லா எனப் பெயர் பூண்டார். அவ்வாண்டு முடியுமுன்னரே இந்து சமயத்துக்குத் திரும்பினார். 1948 ஜனவரி 30இல் காந்தியடிகள் கொல்லப்பட்டார். ஐந்து மாதம் நிறையுமுன்னர், ஜூன் 18இல், பம்பாயில் ஹரிலால் நோயால் இறந்தார்.

காந்தியடிகள் இவற்றை மறைத்தாரா? மறைக்கவில்லை. 'சத்திய சோதனை' 1925 முதல் 1929 வரை 'நவஜீவன்' இதழில் வாரந்தோறும் வெளிவந்தது. 1927 நவம்பரில் அவர் இலங்கைக்கு வந்து, கொழும்பு முதல் யாழ்ப்பாணம் வரை சென்று, கதர் நிதி திரட்டிய நாட்களிலும் அத்தொடர் நடந்துகொண்டிருந்தது. தம் பிள்ளைகளுக்குப் போதிய ஏட்டுக் கல்வி அளிக்கவில்லை என்றும், அதனால் அவர்களுக்குத் தம்மீது மனக்குறை உண்டென்றும் அதில் அவர் ஒப்புக்கொள்கிறார். ஒழுங்கற்றிருந்த தம் இளமை வாழ்வின் எதிரொலியே மூத்த மகனின் குறைகள் என்கிறார். அந்த இளமைக் காலமே தந்தையின் ஒளிமிக்க காலம். பின் வந்த மாற்றங்களே மயக்கம் என்று மகன் கருதுவதையும் எழுதுகிறார். மகன் அவ்வாறு எண்ணுவதில் வியப்பில்லை என்றும் சேர்க்கிறார். தமக்கு எதிரான மகனின் வழக்கைத் தம் நூலிலேயே பதிவு செய்யும் தந்தையர் அரியர். ரூசோவிடம் காணாத துணிவு இது.

எனினும் அந்த ஒப்புதலை ஆழ்ந்து நோக்குவோர்க்கு ஓர் ஐயம் எழும். மகனின் குறைகள் தந்தையின் எதிரொலி என்றால், மகனுக்கென ஒரு குரல் இல்லையா? தம்மை அளந்த கோலாலேயே தந்தை மகனையும் அளந்தார். தாம் துறந்தவற்றை மகனும் துறக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார். சட்டக் கல்வியும் நகர வாழ்வும் காந்தியடிகள் அனுபவித்த பின் விட்டவை. ஹரிலாலோ அவற்றைப் பெறுமுன்னரே விட வேண்டியவரானார். கையிற் கொண்டதைத் துறப்பது துறவு. கைக்கு எட்டாததைத் துறக்கச் சொல்லுதல் இழப்பு. ஹரிலாலின் வீழ்ச்சி முழுவதற்கும் தந்தையே பொறுப்பு என்பது நீதியாகாது. அதே வீட்டில் வளர்ந்த மற்ற மூவரும் வேறு வகையில் வாழ்ந்தனர். ஆனால் அந்த ஒரு மகன் எத்தகையவன் என்பதை ஏற்றுக்கொள்வதில், நாட்டுக்கே தந்தை எனப்பட்டவர் இடர்ப்பட்டார் என்பது மறுக்க இயலாதது.

இம்மூன்று தந்தையரையும் சேர்த்து நோக்கினால் ஒன்று விளங்குகிறது. தந்தையின் நேர்மைக்கு மூன்று படிகள் உண்டு. நிகழ்ந்ததை மறையாது சொல்லுதல் முதற்படி. ரூசோ அங்கே நின்றார். செய்தவன் தானே என்று சாக்கின்றி ஏற்றுக்கொள்ளுதல் இரண்டாம் படி. காந்தியடிகள் அதை எட்டினார். பிள்ளை தன் நிழல் அன்று, வேறோர் உயிர் என்று கண்டு, அவ்வுயிரின் உண்மையைக் கேட்டல் மூன்றாம் படி. நூல் எதுவும் எழுதாத கரம்சந்த், நோய்ப்படுக்கையிற் கிடந்தவாறே ஒரு கணம் அப்படியில் நின்றார்.

இந்நாட்டு வீடுகளிலும் இம்மூன்றாம் படியே கடினமாக இருக்கிறது. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவரும் காலத்தில் அதனைக் காணலாம். மருத்துவபீடம் செல்ல விரும்பி இயலாதுபோன தந்தை, அவ்விருப்பத்தை மகனின் தோளில் ஏற்றுகிறார். தமக்குக் கணிதம் வரவில்லை என்பதை மகனிடம் சொல்லாமல், மகனுக்குக் கணிதம் வரவில்லை என்று சினக்கிறார். ஓவியத்திலோ தச்சுவேலையிலோ தோட்டத்திலோ நாட்டம் கொண்ட பிள்ளை, தன் நாட்டத்தை ஒரு குற்றம்போல் ஒளித்து வைக்கிறது. தந்தை தம்மை மறைக்கிறார். பிள்ளை தன்னை மறைக்கிறது. ஒரே கூரையின் கீழ் இரண்டு வேடங்கள் வாழ்கின்றன.

இவ்வேடங்களைக் களைவதற்குப் பெரிய நூல் எழுத வேண்டியதில்லை. உலகறிய முறையிட வேண்டியதும் இல்லை. தம் தோல்வி ஒன்றை, வயதுக்கேற்ற அளவில், சாக்குச் சொல்லாது பிள்ளையிடம் கூறும் தந்தை தம் மதிப்பை இழப்பதில்லை. தோற்றவரும் வாழலாம் என்பதைப் பிள்ளை அன்று அறிகிறது. தன் தோல்வியைச் சொல்லவும் துணிகிறது. ஆனால் அவ்வாறு சொல்லிவிட்டுத் தந்தை எழுந்து போய்விடலாகாது. பிள்ளையின் மறுமொழியைக் கேட்பதற்கும் அவர் அங்கே இருக்க வேண்டும். அம்மறுமொழி இனிப்பாக இராது. தந்தையின் மீது வழக்காகவும் அமையலாம். அதைத் தடுக்காமல் இறுதிவரை கேட்கும் பொறுமை உள்ள வீட்டில், பிள்ளை தன் முகத்தோடு வளரும்.