குழாய் வேலையும் கூலியும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



எனக்கு மேடைப் பேச்சு பழக்கம் இல்லை. "நீ பிளம்பர் வேலை ஆரம்பிச்சதைப் பத்திப் பத்து நிமிஷம் சொல்லு, மத்த பிள்ளைகளும் தெரிஞ்சுக்கட்டும்"னு தலைவி அக்கா சொன்னாங்க. அதனால் நோட்டில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். பார்த்துத்தான் படிப்பேன், தப்பா நினைக்காதீங்க.

எங்கே போனாலும் என்னிடம் முதலில் கேட்கிற கேள்வி, "பொம்பளைப் பிள்ளைக்கு ஏம்மா இந்த வேலை?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பேன், குழாயில் தண்ணி வராட்டி யாருக்குக் கஷ்டம்? நம்ம ராமநாதபுரம் மாவட்டத்தில் ஊருணித் தண்ணியைச் சுமந்தது யார்? கைப்பம்பை அடித்தது யார்? காவிரித் தண்ணி வருகிற நேரம் பார்த்துக் குடத்தோடு நிற்பது யார்? எல்லாம் நாமதான். தண்ணி சுமக்க மட்டும் நாம், குழாயைத் திருத்த மட்டும் ஆம்பளையா? உத்தரப் பிரதேசத்தில் பாந்தா பக்கம் கிராமத்துப் பெண்கள் 1990-களிலேயே கைப்பம்பு மெக்கானிக் வேலை படித்துச் செய்திருக்கிறார்கள் என்று பயிற்சியில் சொன்னார்கள். அவர்களில் பல பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாதாம். நாம பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கோம்.

அடுத்தது, வேலை கிடைக்குமா என்ற கேள்வி. 2019 ஆகஸ்ட் 15-ல் ஜல் ஜீவன் திட்டம் அறிவித்தார்கள். கிராமத்தில் வீட்டுக்கு வீடு குழாய், ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் தண்ணீர் என்பது அதில் சொன்ன கணக்கு. முன்னால் தெருவுக்கு ஒரு குழாய்தான் இருந்தது. இப்போது பல ஊரில் வீட்டுக்கு ஒன்று வந்துவிட்டது. குழாய் கூடினால் ரிப்பேரும் கூடும். அதோடு நம்ம ஊர் போர் தண்ணி உப்பு. இரும்புக் குழாயைத் தின்றுவிடும். டேப் வாயில் வெள்ளையாகப் பூத்து அடைத்துக்கொள்ளும். அதனால் இந்தத் தொழிலில் வேலை இல்லை என்ற பேச்சுக்கே இடமில்லை.

இன்னொரு காரணமும் இருக்கு. நம்ம பக்கம் பாதி வீட்டில் ஆம்பளைங்க சவுதி, துபாய், மலேசியா, சிங்கப்பூர் என்று இருக்கிறார்கள். பகல் நேரத்தில் வீட்டில் பொம்பளையும் பிள்ளைகளும்தான். குளியலறைக் குழாய் உடைந்தால்கூட, முன்பின் தெரியாத ஆளை உள்ளே விடத் தயங்கி, துணியைச் சுற்றிக் கட்டிப் பத்து நாள் சமாளிக்கிறார்கள். பக்கத்து ஊரில் ஒரு லாத்தா, "நீ வர்றேன்னு தெரிஞ்சிருந்தா இந்த மூணு மாசம் வாளியில் தண்ணி தூக்கியிருக்க மாட்டேனே"ன்னு சொன்னாங்க. அந்த வீட்டில் ஆரம்பித்து அந்தத் தெருவிலேயே எட்டு வீடு எனக்கு வாடிக்கை ஆச்சு. ஆம்பளை பிளம்பருக்குக் கிடைக்காத வீடு நமக்குக் கிடைக்கும்.

பயிற்சியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி மையத்தில் பிளம்பிங் பயிற்சி 30 நாள். கட்டணம் கிடையாது. சாப்பாடும் தங்குமிடமும் அவங்களே தருவாங்க. 18 வயது முடிந்திருக்க வேண்டும். எங்கள் வகுப்பில் பெண்கள் இரண்டே பேர். சான்றிதழ் வாங்கிய பிறகு ஊரில் ஒரு வயசான பிளம்பர் அண்ணனோடு நாலு மாசம் கையாளாகப் போனேன். பயிற்சியில் கை பழகுவது பாதிதான். மீதி அப்படிக் கூடப் போகும்போதுதான் வரும்.

சங்கத்தில் 15,000 ரூபாய் கடன் வாங்கினேன். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, 15 மாசத் தவணை. பைப் ரெஞ்ச் இரண்டு, ஸ்பேனர், ஆக்சா பிளேடு, பிவிசி கட்டர், சுத்தி, உளி, மட்டப்பலகை, டேப், டெஸ்டர் எல்லாம் சேர்த்து 4,500-க்குள் முடிந்தது. டிரில் மெஷின் 2,800. மீதியில் டேப் வாஷர், டெஃப்லான் டேப், சொல்யூஷன், அரை அங்குல, முக்கால் அங்குல எல்போ, டீ, கப்ளிங் என்று ஒரு பை நிறைய வாங்கிப் போட்டேன். இந்தப் பைதான் முக்கியம். ஒரு எல்போ இல்லாமல் பரமக்குடிக்குப் பஸ் ஏறிப் போய் வந்தால் அரை நாள் போச்சு.

வேலையில் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய சிலது சொல்கிறேன். பிளம்பர் ஆகாதவர்களுக்கும் இது உதவும்.

பிவிசி குழாயை ஒட்டும்போது நேராக வெட்டணும், பிசிறைச் சுரண்டணும், ஈரமும் மண்ணும் இல்லாமல் துடைக்கணும். சொல்யூஷன் தடவி உள்ளே தள்ளி ஒரு கால் சுற்றுத் திருப்பி, கொஞ்ச நேரம் அப்படியே பிடிக்கணும். உடனே தண்ணியைத் திறந்துவிட்டால் ஒட்டினது வீண். சுடுதண்ணிக்குச் சாதா பிவிசி ஆகாது, சிபிவிசிதான் போடணும்.

ஷவரில் தண்ணி வேகமாக வரலைன்னு பிளம்பரைத் திட்டுவாங்க. 10 மீட்டர் உயரத்துக்குத்தான் சுமார் ஒரு கிலோ அழுத்தம் கிடைக்கும். நம்ம ஓட்டு வீட்டு மேல் தொட்டி 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் அதில் மூணில் ஒரு பங்குகூட வராது. அதனால் தொட்டியில் இருந்து இறங்குகிற குழாயை ஒரு அங்குலமாகப் போட்டு, டேப் பக்கம் வந்த பிறகு குறைக்கணும்.

கழிவுக் குழாய் வாட்டம் பத்தடிக்கு இரண்டு, மூணு அங்குலம் இருக்கணும். வெளியூர் போய் ஒரு மாசம் கழித்து வந்தால் குளியலறையில் நாற்றம் அடிக்கும். பயப்பட வேண்டாம். தரையில் இருக்கிற டிராப்பில் தண்ணி காய்ந்து போயிருக்கும். அந்தத் தண்ணிதான் நாற்றத்தைத் தடுக்கிறது. இரண்டு சொம்பு தண்ணி ஊற்றினால் சரியாகிவிடும். இதுக்கு என்னைக் கூப்பிட வேண்டாம்.

ஆனால் நான் இன்று முக்கியமாகப் பேச வந்தது கூலியைப் பற்றி. குழாய் வேலை கற்றுக்கொள்வது கஷ்டம் இல்லை. செய்த வேலைக்குக் கூலி கேட்பதுதான் கஷ்டம்.

ஆரம்பத்தில் தெரிந்த வீட்டுக்குப் போனால் வேலை முடிந்ததும் காப்பி வரும். முறுக்கு வரும். "உட்காரு மதினி, பேசிட்டுப் போ" என்பார்கள். காசு மட்டும் வராது. சில வீட்டில் 50 ரூபாயைக் கையில் வைத்து, "பிள்ளைக்கு ஏதாவது வாங்கிக் கொடு" என்பார்கள். அதே வேலைக்கு ஆம்பளை வந்தால் 200 ரூபாய் வாசலிலேயே எண்ணிக் கொடுப்பார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. நாம் காலம் முழுக்க வீட்டில் சும்மா செய்கிறோம் அல்லவா, அதனால் நம்ம கை செய்கிற வேலைக்கு விலை உண்டு என்று யாருக்கும் தோன்றுவது இல்லை. எனக்கோ மாசம் பிறந்தால் சங்கத்துக்குத் தவணை கட்டணும். காப்பியைக் கொண்டுபோய்த் தவணை கட்ட முடியாது.

அதனால் ஒரு பில் புத்தகம் வாங்கினேன். கார்பன் வைத்து எழுதுகிற சாதாரணப் புத்தகம். வந்து பார்க்க 100 ரூபாய், வேலை கொடுத்தால் அதைக் கூலியில் கழித்துவிடுவேன். டேப் மாற்ற 150. முழு நாள் வேலைக்கு 900. இதை முதல் பக்கத்திலேயே எழுதி ஒட்டினேன். போனதும் முதலில் அந்தப் பக்கத்தைக் காட்டுவேன், பிறகுதான் பையைத் திறப்பேன். வாயால் கேட்கக் கூச்சமாக இருந்தது, தாள் கேட்டபோது எனக்கும் கூச்சம் இல்லை, அவங்களுக்கும் சங்கடம் இல்லை.

சாமானும் கூலியும் தனித்தனியாக எழுதுவேன். சாமான் வாங்கினால் கடை பில்லையும் சேர்த்துக் கொடுப்பேன். ஹார்டுவேர் கடையில் பிளம்பருக்குக் கமிஷன் கொடுப்பது வழக்கம். "எனக்குக் கமிஷன் வேண்டாம் அண்ணே, பில்லில் குறைச்சுப் போடுங்க"ன்னு சொல்லிவிட்டேன். வீட்டுக்காரங்க விலையை விசாரித்துப் பார்த்து நம்பினார்கள். நம்பிக்கை வந்த பிறகு கூலியில் பேரம் குறைந்தது.

சும்மா செய்து கொடுப்பது கிடையாதா என்றால், உண்டு. எங்கள் தெருவில் தனியாக இருக்கிற அப்பத்தா ஒருத்தர், முதியோர் பென்ஷனில் சாப்பிடுகிறவர். அவரிடம் வாங்க மாட்டேன். ஆனால் பில் எழுதுவேன். கூலி 150 என்று எழுதி, கீழே கழிவு 150 என்று எழுதி, பாக்கி பூஜ்யம் போட்டுக் கொடுப்பேன். அப்பத்தா அந்தத் தாளை சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். நான் கொடுத்தது இவ்வளவு என்று அவருக்கும் தெரியணும், எனக்கும் தெரியணும். இல்லாவிட்டால் அது உதவியாகத் தெரியாது, வேலைக்கு விலையே இல்லை என்றுதான் ஆகும்.

ஒரு காண்டிராக்டர் புது வீட்டு வேலைக்குக் கூப்பிட்டார். ஆம்பளை பிளம்பருக்கு 900, எனக்கு 450 என்றார். "நீ என்னம்மா, வெயிட் தூக்க மாட்டியே" என்றார். நான் சொன்னேன், "அப்போ நாள் கணக்கு வேண்டாங்க, பாயிண்ட் கணக்கில் கொடுங்க. அவங்களுக்கு ஒரு பாயிண்ட்டுக்கு என்னவோ அதே எனக்கும் கொடுங்க. நான் குறைவா செஞ்சா குறைவா வாங்கிக்கிறேன்." அவர் ஒத்துக்கொள்ளவில்லை. நான் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். 1976-லேயே ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று சட்டம் வந்துவிட்டது. அப்போது நானெல்லாம் பிறக்கவே இல்லை.

அந்த மாசத் தவணையைக் கோழி இரண்டு விற்றுக் கட்டினேன். வீட்டில், "வந்த வேலையை விட்டுட்டு வந்துட்டியே"ன்னு பேச்சும் வாங்கினேன். அந்தக் காண்டிராக்டர் இன்று வரைக்கும் கூப்பிடவில்லை. பரவாயில்லை. ஒரு தடவை 450-க்குப் போயிருந்தால் ஊர் முழுக்க என் கூலி 450 ஆகியிருக்கும். எனக்குப் பின்னால் வருகிற பிள்ளைக்கும் அதுதான் ஆகியிருக்கும்.

வருமானத்தைக் கூட்டிச் சொல்ல மாட்டேன். ஆடியிலும் மார்கழியிலும் பால் காய்ச்சுகிற வீடு இருக்காது, வேலை மந்தம். 4,000 வந்த மாசமும் உண்டு. ஆவணியில் ஓட்டம்தான், 11,000 வரைக்கும் பார்த்திருக்கிறேன். ஓடுகிற மாசத்தில் எடுத்து வைத்தால்தான் மந்தமான மாசத்தில் தவணை தவறாது. 15 தவணையும் நாள் தவறாமல் கட்டி முடித்துவிட்டேன் என்பதை இந்தச் சபையில் சந்தோஷமாகச் சொல்கிறேன்.

புதிதாக வருகிற தங்கச்சிகளுக்கு மூன்று கண்டிஷன். ஒன்று, எந்த வீட்டுக்குப் போகிறோம் என்று வீட்டிலோ சங்கத்திலோ சொல்லிவிட்டுப் போங்க. இரண்டு, மோட்டார் பக்கம் கை வைக்கும் முன்னால் மெயினை ஆஃப் செய்து டெஸ்டர் வைத்துப் பாருங்க, வீட்டுக்காரங்க "ஆஃப் பண்ணியாச்சு"ன்னு சொன்னாலும் பாருங்க. மூன்று, யார் எவ்வளவு காசு கொடுத்தாலும் செப்டிக் டேங்குக்குள் இறங்காதீங்க, ஆள் வைத்தும் இறக்காதீங்க. உள்ளே இருக்கிற வாயு நிமிஷத்தில் உயிரை எடுக்கும். 2013-ல் வந்த சட்டப்படி அது குற்றமும்கூட. அதுக்கு லாரி இருக்கு, லாரி நம்பர் கொடுங்க, போதும்.

இன்னொன்று, உத்யம் பதிவு ஆன்லைனில் இலவசம். ஆதாரும் பான் எண்ணும் வேண்டும். அதுக்கு யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீங்க. வங்கிக் கடனுக்குப் போகும்போது அந்தச் சான்று உதவும்.

கடைசியாகக் கூட்டமைப்புக்கு என் கோரிக்கை. இரண்டு சங்கத்தில் இருந்து நாலு பிள்ளைகள் இந்தப் பயிற்சிக்குப் போக விருப்பமாக இருக்கிறார்கள். டிரில் மெஷின், சுவர் வெட்டுகிற கட்டர் இரண்டையும் கூட்டமைப்பு பொதுவில் வாங்கி வைத்து நாள் வாடகைக்குக் கொடுத்தால், அவர்கள் கடன் குறையும். பிளம்பர், எலெக்ட்ரீஷியன், தையல் என்று நம்ம பெண்கள் செய்கிற வேலைக்கெல்லாம் ஒரு கூலிப் பட்டியல் அச்சடித்துச் சங்கம் சங்கமாகக் கொடுக்கணும். நம்ம கூட்டமைப்புக் கட்டடத்தில் குழாய் ஒழுகினாலும் அந்தப் பட்டியல்படி பில் போட்டுக் கூலி கொடுக்கணும். "நம்ம பிள்ளைதானே"ன்னு காப்பியோடு முடித்துவிடக் கூடாது. தலைவி அக்கா சிரிக்கிறாங்க. அக்கா, பின்பக்க டேப் ஒழுகுது, வரும்போதே பார்த்துட்டேன். விழா முடிஞ்சதும் வாஷர் மாத்திட்டு, பில் கொடுத்துட்டுத்தான் போவேன்.